ஸ்டியரிங் கனத்தால் எங்கே பார்ப்பது?

ஜேசிபி என்று ஊரே சொல்லும் பேக்கோ லோடரில், ஸ்டியரிங்குக்கும் முன் டயருக்கும் நடுவே இரும்புத் தொடர்பு எதுவும் கிடையாது. காரில் இருப்பதுபோல் ராடும் பல்சக்கரமும் தேடினால் கிடைக்காது. ஸ்டியரிங்குக்கு அடியில் ஒரு யூனிட் இருக்கும், ஆர்பிட்ரால் என்போம். நாம் எவ்வளவு ஒடிக்கிறோமோ, அந்த அளவு எண்ணெயை அளந்து ஒரு பக்க ஹோஸில் அது அனுப்பும். எண்ணெய் முன் ஆக்சிலில் இருக்கும் சிலிண்டரைத் தள்ளும், சிலிண்டர் டை ராடைத் தள்ளும், டயர் திரும்பும். அதனால்தான் வண்டி நேராகப் போகும்போது ஸ்டியரிங் குமிழ் காலையில் இடப்பக்கமும் மாலையில் வலப்பக்கமும் நிற்கிறது. அது கோளாறு இல்லை. புதிதாக வண்டி வாங்கியவர்கள் பலர் அதற்காகவே போன் செய்திருக்கிறார்கள்.

நான் வேலை பார்ப்பது ஒட்டன்சத்திரம், வேடசந்தூர் பக்கம். சந்துக்குள் சாக்கடை தோண்டவும் தென்னந்தோப்பில் குழி எடுக்கவும் சின்ன பேக்கோ லோடர்கள்தான் இங்கே வசதி. கோடையில் கண்மாய்களில் வண்டல் அள்ள இறங்கிவிட்டால் அவற்றுக்கு ஓய்வே கிடையாது. அந்த மாதங்களில்தான் என் போனுக்கும் ஓய்வு இல்லை.

“அண்ணே, ஸ்டியரிங் கனக்குது. பம்ப் போயிருச்சுன்னு சொல்றாங்க.”

“இரு தம்பி. முன் டயர்ல காத்து பாத்தியா? எண்ணெ அளவு பாத்தியா?”

இந்தக் கேள்வியைக் கேட்டால் சிலர் சலித்துக்கொள்கிறார்கள். ஆனால் பம்பைக் கழற்றினால் செலவு ஆயிரக்கணக்கில் போகும். காற்று பிடிக்க ஆகும் காசு டீக்காசு. அதோடு, முன் வாளி நிறைய ஈரமண்ணைச் சுமந்துகொண்டு ஒடித்தால் எந்த வண்டியும் கனக்கத்தான் செய்யும். முழுச் சுமையும் அப்போது முன் ஆக்சிலில் உட்கார்ந்திருக்கும். வாளியைக் காலி செய்துவிட்டு ஒடித்துப் பார்த்த பிறகே அடுத்த கேள்வி.

எப்போது கனக்கிறது என்பதுதான் அது. காலையில் சரியாக இருந்து, மதியம் எண்ணெய் சூடான பிறகு கனத்தால், உள்ளே எங்கோ தேய்மானம் என்று சந்தேகப்படுவேன். சூட்டில் எண்ணெய் இளகித் தேய்ந்த இடத்தில் நழுவுகிறது. லோடர் கையைத் தூக்கும்போது மட்டும் கனத்தால் ஸ்டியரிங்குக்கு முதலில் எண்ணெய் கொடுக்க வேண்டிய பிரையாரிட்டி வால்வைப் பார்க்க வேண்டும். வெட்டி வெட்டித் திரும்பி, டேங்கில் நுரையும் கட்டியிருந்தால் காற்று புகுந்திருக்கிறது. பம்புக்கு எண்ணெய் இழுக்கும் ஹோஸின் கிளிப் தளர்ந்திருந்தாலே போதும், அது புகுந்துவிடும்.

முழுக்க ஒடித்த பிறகும் ஸ்டியரிங் நிற்காமல் மெல்ல மெல்லச் சுற்றினால் கசிவது சிலிண்டரா, ஆர்பிட்ராலா? ஊகத்தில் இரண்டையும் மாற்றச் சொல்பவர்கள் இருக்கிறார்கள். எனக்கு அது பொறுக்காது, ஏனென்றால் அரைமணி நேரத்தில் சோதித்துவிடலாம். ஒரு பக்கம் முழுக்க ஒடித்து எஞ்சினை நிறுத்தி அழுத்தத்தை இறக்கிவிட்டு, சிலிண்டரிலிருந்து எண்ணெய் திரும்பும் பக்கத்து ஹோஸைக் கழற்றி அதன் வாயை அடைக்க வேண்டும். பிறகு எஞ்சினை ஓட்டி அதே பக்கம் ஒடித்துப் பிடிக்கும்போது, திறந்திருக்கும் சிலிண்டர் வாயில் எண்ணெய் தொடர்ந்து வந்தால் பிஸ்டன் சீல் போயிற்று. வராமல் ஸ்டியரிங் மட்டும் சுற்றினால் ஆர்பிட்ரால்.

ஆனால் ஸ்டியரிங் கோளாறுக்கும் எண்ணெய்க்கும் சம்பந்தமே இல்லாத வண்டிகளும் வருகின்றன. முன் ஆக்சில் வண்டியோடு இறுக்கமாகப் பூட்டப்பட்டது இல்லை. நடுவில் ஒரே ஒரு சென்டர் பின்னில் தராசுத் தண்டுபோல் ஏறி இறங்கும். வரப்பில் ஒரு சக்கரம் ஏறினாலும் மற்றது தரையை விடாமல் இருப்பது அதனால்தான். கண்மாய்ச் சேறு அந்தப் பின்னுக்கும் புஷ்ஷுக்கும் நடுவே புகுந்தால் உப்புத்தாள் போட்டுத் தேய்த்த கதிதான். வாளியைத் தரையில் அழுத்தி முன்சக்கரங்களைக் கொஞ்சம் தூக்கி, ஆக்சிலுக்கு மேலே வண்டியின் சேசிஸுக்கு உறுதியான முட்டு கொடுத்துவிட்டு, கடப்பாரையால் ஆக்சிலை நெம்பிப் பாருங்கள். ஆட்டம் கண்ணிலேயே தெரியும். கிங் பின்னையும் டை ராட் முனையையும் அப்படியே பார்த்துவிடலாம். முட்டு இல்லாமல் ஹைட்ராலிக்கை நம்பி வண்டிக்கு அடியில் யாரும் போகக் கூடாது.

கிரீஸ் அடிப்பதிலும் ஒரு விஷயம் இருக்கிறது. பாரம் ஆக்சில் மேல் இருக்கும்போது அடித்தால், பின்னின் எந்தப் பக்கம் அழுந்தியிருக்கிறதோ அங்கே கிரீஸ் போகாது. தேய்வது அந்தப் பக்கம்தான். முன்சக்கரத்தைத் தூக்கி வைத்து, பழைய கிரீஸ் சேற்றோடு வெளியே பிதுங்கும்வரை அடிக்க வேண்டும். கண்மாய் வேலைக்குப் போகும் வண்டிக்குத் தினமும் வேலை முடிந்ததும் அடிக்கச் சொல்கிறேன். கையேடு சொல்லும் மணிக்கணக்கு காய்ந்த மண்ணுக்குச் சரி.

பின் ஆக்சிலில் என்னை அதிகம் வருத்துவது ஒரு சின்னப் பொருள்: பிரீதர். ஆக்சில் சூடாகும்போது உள்ளே விரியும் காற்று வெளியேற மேலே இருக்கும் சிறு மூக்கு. அதில் சேறு காய்ந்து அடைத்துவிட்டால் காற்று வேறு வழி தேடி ஆயில் சீலைத் தள்ளும். எண்ணெய் ஒழுகும். புது சீல் போடுவார்கள், அதுவும் ஒழுகும். சீல் சரியில்லை, கடைக்காரன் ஏமாற்றிவிட்டான் என்று சண்டை வரும். பிரீதரைக் கழற்றி டீசலில் கழுவ ஐந்து நிமிடம் ஆகாது.

ஆக்சில் எண்ணெயை மாற்றும்போது வடிகால் போல்ட்டின் காந்தத்தைத் துடைத்து எறிந்துவிடாதீர்கள். மைபோல் நைசான கருப்புப் பசை இருந்தால் வழக்கமான தேய்மானம். விரலில் குத்தும் செதில் இருந்தால் பல்லோ பேரிங்கோ உடைகிறது. அன்றோடு வண்டியை நிறுத்த வேண்டும். எண்ணெய் மோர் நிறமானால் தண்ணீர் புகுந்திருக்கிறது. பல வண்டிகளில் பிரேக் தட்டுகளும் இதே எண்ணெயில்தான் மூழ்கியிருக்கும். மலிவாகக் கிடைக்கிறதென்று வேறு கியர் ஆயில் ஊற்றினால் பிரேக் அடிக்கும்போது ஆக்சிலே முனகும். நான்கு சக்கரமும் இழுக்கும் வண்டியைத் தார் ரோட்டில் முன் இழுவையைப் போட்டபடி ஓட்டுவதும் கூடாது. முன் டயரும் பின் டயரும் ஒரே வேகத்தில் உருளாததால் அந்த முறுக்கு முழுவதும் பற்களில் ஏறும்.

கடைசியாக ஒன்று, இது எல்லா ஆபரேட்டர்களுக்கும் தெரிய வேண்டும். ஸ்டியரிங் ஹோஸில் எண்ணெயின் அழுத்தம் 100 பாரைத் தாண்டும். டயர் காற்றோடு ஒப்பிட்டால் பல மடங்கு. ஊசித் துளையில் கசியும் எண்ணெய் கண்ணுக்குத் தெரியாமல் தோலைத் துளைத்துச் சதைக்குள் போய்விடும். கசிவைக் கையால் தடவித் தேடாதீர்கள். அட்டைத் துண்டைப் பிடித்துத் தேடுங்கள். கையில் பட்டுவிட்டால் காயம் புள்ளியளவுதான் இருக்கும், முதலில் வலியும் பெரிதாகத் தெரியாது. மஞ்சள் வைத்துக் கட்டிக்கொண்டு மறுபடி வேலைக்கு ஏறாமல், அப்போதே அறுவை சிகிச்சை வசதி உள்ள ஆஸ்பத்திரிக்குப் போய், உள்ளே போனது ஹைட்ராலிக் எண்ணெய் என்று டாக்டரிடம் சொல்லுங்கள். நேரம் கடந்தால் விரலையே எடுக்க வேண்டி வரும்.