‘அப்புறம் வாழலாம்’ என்னும் மனப்பழக்கம்

எண்ணமும் ஒரு பழக்கமே. கைகள் பழகிய வேலையைக் கவனமின்றியே செய்து முடிப்பதுபோல, மனமும் பழகிய முடிவுகளைக் கவனமின்றியே எடுக்கிறது. நாளடைவில் அவை ஒருகாலத்தில் எடுக்கப்பட்ட முடிவுகள் என்பதே மறந்துபோய், உலகத்தின் இயல்பே அதுதான் என்று தோன்றத் தொடங்குகிறது. "நமக்கு இதெல்லாம் சரிப்படாது", "நாம் சொன்னால் யார் கேட்கப்போகிறார்கள்", "இப்போதைக்கு ஓட்டுவோம், வாழ்வதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம்" என்பன போன்ற வாக்கியங்கள் இவ்வாறு பழகிப்போன முடிவுகளே. இவற்றுள் கடைசி வாக்கியம் பொறுப்புணர்வின் குரலில் பேசுவதால், அது தீங்கு செய்யும் என்ற ஐயமே பலருக்கு எழுவதில்லை. ஆனால், நிறைவான வாழ்க்கைக்கும் உழைக்கும் மனிதருக்கும் இடையே மிக நீண்ட காலம் நிற்கும் தடை பெரும்பாலும் இந்த வாக்கியமாகவே இருக்கிறது.

காத்திருப்போரின் ஊர்

பெங்களூரு நகர மாவட்டத்தின் ஆனேக்கல் வட்டத்தில் ஓசூர் சாலையை ஒட்டி அமைந்துள்ள ஹெப்பகோடி, இந்த மனப்பழக்கம் எப்படி உருவாகிறது என்பதைப் புரிந்துகொள்ள ஏற்ற இடம். ஏரியும் வயலுமாக இருந்த இந்தக் கிராமத்தின் போக்கை, 1970-களின் பிற்பகுதியில் கர்நாடக அரசு நிறுவனமான கியோனிக்ஸ் அருகிலேயே உருவாக்கிய எலெக்ட்ரானிக் சிட்டியும், பின்னர் வளர்ந்த பொம்மசந்திரா, ஜிகனி தொழிற்பேட்டைகளும் மாற்றின. 1978-இல் தொடங்கப்பட்ட பயோகான் போன்ற மருந்து நிறுவனங்களும், மென்பொருள் அலுவலகங்களும், ஆயத்த ஆடை மற்றும் இயந்திர உதிரிபாகத் தொழிற்சாலைகளும் பல மாநிலத்தவரை இங்கே வரவழைத்தன. அத்திப்பள்ளி எல்லையைத் தாண்டினால் தமிழ்நாடு என்பதால், கிருஷ்ணகிரி, தருமபுரி, சேலம் பக்கத்துத் தமிழ்க் குடும்பங்களும் வாடகை வீடுகளிலும் பேயிங் கெஸ்ட் விடுதிகளிலும் குடியேறின.

பிழைப்புக்காக வந்தவர்களுக்கு இவ்வூர், ‘இருக்கும் இடம்’ என்பதைவிடக் ‘காத்திருக்கும் இடம்’ என்றே மனத்தில் பதிவாகிறது. கடன் முடியட்டும், பிள்ளையின் படிப்பு முடியட்டும், தங்கையின் கல்யாணம் நடக்கட்டும், ஊரில் ஒரு வீடு கட்டிவிட்டால் போதும், பிறகு ஊரோடு போய்ச் செட்டில் ஆகிவிடலாம் என்று ஒவ்வொரு நிபந்தனையாக வாழ்க்கை ஒத்திவைக்கப்படுகிறது. இதில் தியாகம் உண்டு, குடும்பத்தின் மீதான அன்பு உண்டு. ஆகையால் இதை அறியாமை என்று ஒதுக்குவது முறையாகாது. சிக்கல் வேறோர் இடத்தில் தொடங்குகிறது. ஒரு நிபந்தனை நிறைவேறிய அன்றே அடுத்த நிபந்தனை அந்த இடத்தில் வந்து அமர்ந்துவிடுமானால், ஒத்திவைப்பது தேவையின் பொருட்டு எடுத்த முடிவாக இல்லாமல், தேவை தீர்ந்த பின்னும் தொடரும் பழக்கமாக மாறிவிட்டது என்றே கொள்ள வேண்டும்.

புறச்சூழல் மாறினால் மனமும் தானே மாறிவிடும் என்ற நம்பிக்கையும் முழுமையானதன்று. ராஷ்ட்ரீய வித்யாலய சாலையிலிருந்து பொம்மசந்திரா வரை 19.15 கிலோமீட்டர் நீளமும் 16 நிலையங்களும் கொண்ட மெட்ரோவின் மஞ்சள் தடம் 2025 ஆகஸ்ட் 10 அன்று திறக்கப்பட்டபோது, ஹெப்பகோடியும் அதில் ஒரு நிலையமாயிற்று. ஓசூர் சாலையின் நெரிசலில் கழிந்த நேரத்தின் ஒரு பகுதியைப் பலர் திரும்பப் பெற்றனர். அந்த நேரம் குழந்தையோடு பேசுவதற்கா, நண்பரைச் சந்திப்பதற்கா, அல்லது கைப்பேசித் திரையை இன்னும் சற்று நேரம் தள்ளிக்கொண்டிருப்பதற்கா என்பதை ரயில் தீர்மானிப்பதில்லை. அதைத் தீர்மானிப்பது பழகிய எண்ணம்.

தாமாக எழும் எண்ணங்கள்

பழகிய எண்ணத்தை ஆராய்ச்சிப் பொருளாக்கியவர்களுள் முதன்மையானவர் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக் (1921–2021). பிலடெல்பியாவில் மனச்சோர்வுற்றவர்களுக்குச் சிகிச்சை அளித்துவந்த அவர், நோயாளிகள் வாய்விட்டுச் சொல்லும் பேச்சுக்கு அடியில் அவர்களே முழுமையாகக் கவனிக்காத இன்னொரு எண்ண ஓட்டம் விரைந்து செல்வதை 1960-களில் கண்டறிந்தார். தன்னைப் பற்றியும் உலகைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் கசப்பான தீர்ப்புகளை நொடியில் வழங்கிவிட்டு மறையும் இவற்றை அவர் ‘தானியங்கு எண்ணங்கள்’ என்றார். அதாவது, வரவழைக்காமலே வந்து, சோதிக்கப்படாமலே உண்மையாக ஏற்கப்படும் எண்ணங்கள். அவற்றைக் கவனித்து, சான்று கேட்டு, திருத்தும் முறையே இன்று ‘அறிதல்-நடத்தைச் சிகிச்சை’ என வழங்குவதன் அடித்தளம்.

இதனோடு சேர்த்து அறிய வேண்டியது ‘அசைபோடல்’ என்னும் பழக்கம். ஒரு துன்பத்தைத் தீர்க்க எதுவும் செய்யாமல், அதன் காரணத்தையும் விளைவையும் மீண்டும் மீண்டும் எண்ணிக்கொண்டிருப்பதை உளவியலாளர் இச்சொல்லால் குறிப்பர். இதை ஆராய்ந்த சூசன் நோலன்-ஹோக்செமாவுக்கு எதிர்பாராத ஒரு சோதனைக் களம் கிடைத்தது. ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களின் மனநிலையையும் சிந்தனைப் பாங்கையும் அவர் பதிவு செய்து சில நாட்களிலேயே, 1989 அக்டோபரில் கலிபோர்னியாவின் லோமா பிரியேட்டா நிலநடுக்கம் நிகழ்ந்தது. முன்பே அசைபோடும் பழக்கம் உடையவராக இருந்த மாணவர்களிடமே, நிலநடுக்கத்திற்குப் பின் பத்து நாட்கள் கழித்தும் ஏழு வாரங்கள் கழித்தும் மனச்சோர்வு மிகுந்து காணப்பட்டது. ஒரே இடர் பலர்மீதும் விழுந்தாலும், அது யாரிடம் எவ்வளவு காலம் தங்கும் என்பதில் அவரவர் சிந்தனைப் பழக்கத்துக்கும் பங்கு உண்டு என்பதை இவ்வாய்வு காட்டியது.

இனிய கனவு செய்யும் வேலை

கசப்பான எண்ணம் தீங்கு செய்யும் என்பது எளிதில் விளங்கும். இனிய கனவும் சிலவேளை அதே தீங்கைச் செய்யும் என்பதுதான் வியப்பானது. ஜெர்மானிய உளவியலாளர் கேப்ரியேல் ஓட்டிங்கன், படிப்பை முடித்து வேலை தேடும் பட்டதாரிகளிடம் இருவகை எண்ணங்களைப் பிரித்து ஆராய்ந்தார். தம் அனுபவத்தைக் கொண்டு ‘வேலை கிடைக்கும்’ என்று எதிர்பார்ப்பது ஒன்று. நல்ல வேலை கிடைத்துவிட்டதாகக் கற்பனை செய்து அதில் திளைப்பது மற்றொன்று. எதிர்பார்ப்பு வலுவாக இருந்தவர்கள் இரண்டாண்டுகளுக்குப் பின் நல்ல நிலையில் இருந்தனர். கற்பனையில் மிகுதியாகத் திளைத்தவர்களோ குறைவான விண்ணப்பங்களையே அனுப்பியிருந்தனர், அவர்களுக்குக் கிடைத்த வாய்ப்புகளும் ஊதியமும் குறைவாகவே இருந்தன. கற்பனையிலேயே இலக்கை அடைந்துவிட்ட மனம், அதற்காக எழுந்து நடக்க வேண்டிய முனைப்பை இழந்துவிடுகிறது என்பது அவருடைய விளக்கம்.

இதற்கு மாற்றாக அவர் முன்வைத்தது ‘மன ஒப்பீடு’. விரும்பும் நிலையை முதலில் தெளிவாக எண்ணி, உடனே அதற்குத் தன்னுள் இருக்கும் முதன்மையான தடையையும் அதே தெளிவோடு எண்ணுவது இதன் முறை. ஊரில் கட்டப்போகும் வீட்டைப் பற்றி இரவெல்லாம் கனவு காணும் ஒருவர், அந்த வீட்டில் எப்படி வாழ விரும்புகிறார் என்று தம்மைக் கேட்டுக்கொண்டால், மனைவி மக்களோடு அமர்ந்து உண்ண வேண்டும், மாலையில் காற்றாட நடக்க வேண்டும், அக்கம்பக்கத்தாரோடு பேச வேண்டும் என்ற விடைகள் கிடைக்கலாம். இவற்றுள் எதற்கும் வீடு கட்டி முடியும்வரை காத்திருக்க வேண்டியதில்லை என்பதும், ஓவர்டைம் இல்லாத நாளிலும் தம்மைத் தடுத்தது ‘இது நம் ஊர் இல்லை’ என்ற எண்ணமே என்பதும் அப்போது அவருக்குப் புலப்படும்.

செயல் முன்னே, மனம் பின்னே

மனம் மாறினால்தான் செயல் மாறும் என்பது பொதுவான கருத்து. ஆனால், செயலை முதலில் மாற்றினால் மனம் பின்தொடர்ந்து மாறும் என்பதற்கும் வலுவான சான்றுகள் உண்டு. அமெரிக்க உளவியலாளர் நீல் ஜேக்கப்சனும் அவருடைய குழுவினரும் 1996-இல் வெளியிட்ட ஆய்வு, அறிதல்-நடத்தைச் சிகிச்சையிலிருந்து செயல் சார்ந்த பகுதியை மட்டும் பிரித்து அளித்தபோதும், முழுச் சிகிச்சைக்கு இணையான பலன் கிடைத்ததைக் காட்டியது. ‘நடத்தைத் தூண்டல்’ எனப்படும் இம்முறையில், உற்சாகம் வரட்டும் என்று காத்திராமல், தமக்குப் பொருளுள்ள சிறு செயல்களைக் குறித்த நேரத்தில் செய்யத் தொடங்குகின்றனர். செயல் தரும் அனுபவமே ‘எதிலும் பயனில்லை’ என்ற பழைய எண்ணத்திற்கு எதிர்ச்சான்றாகிறது.

இந்தியாவில் இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு கோவாவில் கிடைக்கிறது. மனநல மருத்துவர் விக்ரம் படேலும் சங்காத் தொண்டு அமைப்பினரும் இம்முறையை எளிமையாக்கி, ஆரம்ப சுகாதார நிலையங்களுக்கு வந்த மனச்சோர்வு உடையோருக்கு, மருத்துவப் பட்டம் இல்லாத உள்ளூர் ஆலோசகர்களைக் கொண்டே அளித்தனர். 495 பேரிடம் நடந்து, 2017-இல் ‘லான்செட்’ இதழில் வெளியான இந்த ஆய்வில், மூன்று மாதங்களுக்குப் பின் மனச்சோர்விலிருந்து மீண்டோர், ஆலோசனை பெற்றவர்களில் 64 விழுக்காடு. வழக்கமான சிகிச்சையின் சற்று மேம்பட்ட வடிவத்தை மட்டும் பெற்றவர்களில் 39 விழுக்காடு. பாகிஸ்தானின் ராவல்பிண்டிப் பகுதிக் கிராமங்களில் மனநல ஆய்வாளர் அத்திஃப் ரஹ்மானின் குழுவினர் மனச்சோர்வுடைய கருவுற்ற பெண்களுக்காக நடத்திய திட்டத்திற்கு ‘நலமாகச் சிந்தித்தல்’ என்றே பெயர். வீடுதோறும் செல்லும் பெண் சுகாதாரப் பணியாளர்கள், தீங்கான எண்ணத்தை அடையாளம் காணுதல், பயனுள்ள எண்ணத்தை அதன் இடத்தில் வைத்தல், அதைச் செயலில் பழகுதல் என்னும் மூன்று படிகளைக் கற்பித்தனர். குழந்தை பிறந்து ஆறு மாதங்களுக்குப் பின், இப்பயிற்சி பெற்றோரில் 23 விழுக்காட்டினரிடம் மட்டுமே மனச்சோர்வு நீடித்தது. மற்றவர்களில் அது 53 விழுக்காடு என 2008-இல் வெளியான முடிவுகள் தெரிவித்தன. சிந்தனைப் பழக்கத்தை மாற்றுவது வசதியும் ஓய்வும் உடையோருக்கே உரியது என்ற கருத்தை இவ்விரண்டும் மறுக்கின்றன.

நாள்தோறும் பழகுவது எப்படி

இவற்றை அன்றாட வாழ்வில் கைக்கொள்ள விரும்புவோர் முதலில் செய்ய வேண்டியது கவனித்தல். ‘அப்புறம்’ என்ற சொல் மனத்தில் எழும் தருணத்தைக் கண்டுகொண்டு, அது எதை ஒத்திவைக்கிறது என்று ஒரு வரியில் எழுதிவைத்தால், தானாக நடந்துகொண்டிருந்தது கண்முன் வந்துவிடும். அடுத்தது சான்று கேட்டல். இன்று செய்வதற்கு உண்மையிலேயே பணமோ நேரமோ இல்லையா, அல்லது இல்லை என்று சொல்லிப் பழகிவிட்டோமா என்ற கேள்விக்கு நேர்மையான விடை தேவை. சிலவற்றை உண்மையாகவே ஒத்திவைக்கத்தான் வேண்டியிருக்கும், அவற்றைக் குற்றவுணர்வின்றி ஒத்திவைக்கலாம்.

மூன்றாவது, சிறு செயல் ஒன்றை ஏற்கெனவே நடக்கும் நிகழ்வோடு இணைத்தல். பீட்டர் கோல்விட்சர் என்னும் உளவியலாளர், ‘இது நடக்கும்போது இதைச் செய்வேன்’ என்று இடத்தையும் வேளையையும் குறித்துத் திட்டமிடுவோர், ‘செய்ய வேண்டும்’ என்று பொதுவாக விரும்புவோரைவிட அதிகம் செய்துமுடிப்பதைக் காட்டினார். ‘குடும்பத்தோடு நேரம் செலவிடுவேன்’ என்பதைவிட, ‘ஷிப்ட் முடிந்து கம்பெனி பஸ்ஸில் ஏறியதும் அம்மாவுக்குப் போன் செய்வேன்’, ‘ஞாயிறு காலை காபி குடித்ததும் பிள்ளைகளோடு ஏரிப் பக்கம் நடப்பேன்’ என்பவை நிலைக்கும். கழிவுநீரால் சீரழிந்திருந்த ஹெப்பகோடி ஏரி, பயோகான் அறக்கட்டளையின் முயற்சியால் மிதக்கும் தாவரத் திட்டுகளும் பிற முறைகளும் கொண்டு மீட்கப்பட்டது என்பதும் இங்கே கருதத்தக்கது. வந்த ஊரைத் தம் ஊராக எண்ணுவோர் பெருகும்போதே இத்தகைய பொதுச் சொத்துகள் நிலைத்து நிற்கும்.

நான்காவது, பொறுமை. லண்டன் யூனிவர்சிட்டி காலேஜைச் சேர்ந்த பிலிப்பா லாலியும் உடன் ஆய்வாளர்களும் 96 பேரைக் கொண்டு செய்த ஆய்வின்படி, ஒரு புதுச் செயல் தானாக நடக்கும் பழக்கமாக மாற 18 நாள் முதல் 254 நாள்வரை ஆகலாம். நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் தவறிப்போவது அம்முயற்சியைப் பெரிதாகக் குலைப்பதில்லை என்பதும் அதே ஆய்வு தரும் ஆறுதல்.

எண்ணத்தால் தீராதவை

எல்லாத் துன்பத்திற்கும் சிந்தனைப் பழக்கத்தையே பொறுப்பாக்குவது அநீதி. குறைந்த கூலி, நிலையற்ற ஒப்பந்த வேலை, தூக்கத்தைக் குலைக்கும் இரவு ஷிப்ட், வாடகைச் சுமை ஆகியவை தொழிலாளரின் எண்ணத்தில் பிறந்தவை அல்ல. அவற்றைத் தீர்க்கச் சட்டமும் சங்கமும் நிர்வாகமும் வேண்டும். அதுபோலவே, வாரக்கணக்கில் நீளும் மனச்சோர்வும் உறக்கமின்மையும் உயிர்மேல் வெறுப்பும் சிகிச்சை தேவைப்படும் நிலைகள். ஹெப்பகோடியைத் தொட்டுச் செல்லும் ஓசூர் சாலையிலேயே, நகருக்குள் சென்றால், 1974-இல் இன்றைய வடிவம் பெற்ற தேசிய மனநல மற்றும் நரம்பியல் நிறுவனமான நிம்ஹான்ஸ் இருக்கிறது. 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கப்பட்ட டெலி-மானஸ் என்னும் கட்டணமில்லா மனநல உதவி, 14416 என்ற எண்ணில் தமிழ் உட்படப் பல மொழிகளில் கிடைக்கிறது. தயக்கமின்றி அதை அழைப்பதும், ‘மனக்குறையை வெளியே சொல்லக் கூடாது’ என்ற பழைய எண்ணத்தை மாற்றுவதன் ஒரு பகுதியே.

ஒத்திவைப்பவர் தம் வாழ்க்கையைப் பிற்காலத்துக்குச் சேமித்து வைப்பதாகவே நம்புகிறார். பணத்தைச் சேமித்தால் அது பிற்காலத்துக்கு இருக்கும்; மகிழ்வோடு பேசுவதும், ஓய்வாக அமர்வதும், பிறருக்கு நேரம் ஒதுக்குவதும் அப்படிச் சேமிக்கக்கூடியவை அல்ல. அவை பழகினால் வளர்பவை, பழகாவிட்டால் கை நழுவுபவை. இருபது ஆண்டுகள் வாழாமல் இருக்கப் பழகிய ஒருவர், கடன் தீர்ந்து வீடும் கட்டி ஊர் திரும்பிய பின், எதற்காக உழைத்தாரோ அந்த வாழ்க்கையை வாழத் தெரியாமல் திகைக்க நேரிடும். ஆகவே, இன்றைய நாளில் ஒரு சிறு பங்கையாவது வாழ்ந்து பழகுவது எதிர்காலத்துக்குச் செய்யும் துரோகம் அன்று. அந்த எதிர்காலம் வரும்போது அதை ஏற்று நிறைவாக வாழ்வதற்குத் தேவையான பயிற்சி.