விரலுக்கும் குண்டுக்கும் நடுவே ஒரு கொக்கி

திருநீர்மலையிலிருந்து சில கிலோமீட்டர் தள்ளி இருக்கிறது திருமுடிவாக்கம் சிட்கோ தொழிற்பேட்டை. அங்கே லேத்திலும் கிரைண்டிங்கிலும் வேலை செய்கிறவர்களுக்கு மைக்ரான் என்பது பாடப்புத்தகச் சொல் அல்ல. ஷாஃப்ட் பத்து மைக்ரான் பருத்துவிட்டால் பேரிங் ஏறாது, சரக்கு திரும்பி வந்துவிடும். மில்லிமீட்டரில் நூறில் ஒரு பங்கைக் கையால் உணரக்கூடியவர்கள் வாழும் பகுதி இது. இந்தக் கட்டுரை முதலில் அவர்களுக்காகத்தான்.

அப்படி ஒருவரின் மகள் ஏர் ரைபிள் பயிற்சிக்குப் போகிறாள் என்று வைத்துக்கொள்வோம். "ட்ரிகர் ரொம்ப கெட்டியா இருக்குப்பா, இழுக்கும்போது துப்பாக்கியே அசையுது" என்கிறாள். "கழட்டிக் குடும்மா, கொஞ்சம் தேய்ச்சு விட்டா சரியாயிடும்" என்று அப்பா சொல்வது இயல்பு. இல்லாவிட்டால் இணையத்தில் தனியாக விற்கும் ட்ரிகர் ஒன்றை வாங்கிப் பொருத்தலாம் என்று தோன்றும். மகள் சொன்னது முழுக்க உண்மை. ஆனால் அப்பா தேய்க்க நினைக்கும் அந்த இடம், துப்பாக்கியிலேயே யாரும் தேய்க்கக்கூடாத இடம்.

மகளின் பக்கத்தை முதலில் பார்ப்போம். பத்து மீட்டர் ஏர் ரைபிள் இலக்கின் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர். சுடப்படும் குண்டின் விட்டம் 4.5 மி.மீ. குண்டின் மையம் இலக்கின் மையத்திலிருந்து 2.5 மி.மீ.க்குள் விழுந்தால் பத்துப் புள்ளி. அதற்கு மேல் ஒவ்வொரு பத்தில் ஒரு புள்ளிக்கும் கால் மில்லிமீட்டர் நெருங்க வேண்டும். உச்சமான 10.9 கிடைக்கக் கால் மில்லிமீட்டருக்குள் விழ வேண்டும். துப்பாக்கியின் முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே சுமார் 80 செ.மீ. என்றால், 10.9-க்கு அனுமதிக்கப்படும் பிசகு அந்த நீளத்தில் வெறும் 0.02 மி.மீ. தலைமுடியின் தடிமனில் கால்வாசி.

இப்போது விரலைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த விரலும் நூல் பிடித்ததுபோல நேராகப் பின்னால் இழுப்பதில்லை. பத்தில் ஒரு பங்கு விசை பக்கவாட்டில் போகிறது என்று எடுத்துக்கொண்டால், ஒன்றரைக் கிலோ இழுவை தேவைப்படும் ட்ரிகரில் 150 கிராம் விசை துப்பாக்கியை ஓரமாகத் தள்ளும். நூறு கிராமில் விடுபடும் ட்ரிகரில் அது பத்தே கிராம். குண்டு குழலை விட்டு வெளியேறும் முன் நடப்பதெல்லாம் கண் இமைக்கும் நேரத்திற்குள் முடிகிறது. ஆனாலும் 0.02 மி.மீ. நகர அந்த நேரம் போதும். சென்னையில் பிறந்து 2012 லண்டன் ஒலிம்பிக்கில் வெண்கலம் வென்ற ககன் நரங் ஆனாலும், கடலூரில் பிறந்து 2019-இல் ரியோ டி ஜெனிரோ உலகக் கோப்பையில் தங்கம் வென்ற இளவேனில் வாலறிவன் ஆனாலும், அவர்கள் பல ஆண்டுகள் பழகியது குறிபார்ப்பதை மட்டும் அல்ல. துப்பாக்கிக்குத் தெரியாமல் விரலை அசைக்கும் கலையும்தான்.

அப்படியானால் ட்ரிகரை லேசாக்கிவிட வேண்டியதுதானே? இங்கேதான் உள்ளே திறந்து பார்க்க வேண்டியிருக்கிறது.

துப்பாக்கியின் உள்ளே ஒரு ஸ்பிரிங் முழுவதும் அழுத்தப்பட்டுக் காத்திருக்கிறது. அது தள்ளத் துடிக்கும் பாகத்தை, சுத்தியலோ பிஸ்டனோ எதுவானாலும், ஒரு சிறிய எஃகுக் கொக்கி தடுத்து நிறுத்துகிறது. ஆங்கிலத்தில் சியர் என்பார்கள். கொக்கியின் விளிம்பும் சுத்தியலின் வெட்டும் ஒன்றன்மேல் ஒன்று உட்கார்ந்திருக்கும் அகலம் பெரும்பாலான நல்ல ட்ரிகர்களில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவு. விரல் செய்வதெல்லாம் அந்த அகலத்தை உராய்வுக்கு எதிராக நகர்த்துவதுதான். தடை எவ்வளவு என்பது மூன்றைப் பொறுத்தது: ஸ்பிரிங் எவ்வளவு அழுத்துகிறது, இரு பரப்புகளும் எவ்வளவு வழுவழுப்பு, எந்தக் கோணத்தில் சந்திக்கின்றன.

போட்டித் துப்பாக்கிகளில் இது அழகாகத் தீர்க்கப்பட்டிருக்கிறது. அழுத்தப்பட்ட காற்று தனி உருளையில் இருக்கிறது. கொக்கி தாங்க வேண்டியது வால்வைத் தட்டும் ஒரு சின்னச் சுத்தியலை மட்டும். அதனால் நூறு கிராம் இழுவையிலும் அது நம்பகமாகப் பிடித்துக்கொள்கிறது. இழுவை இரண்டு கட்டமாகப் பிரிக்கப்பட்டிருக்கும். முதல் கட்டத்தில் விரல் லேசாக நகர்ந்து ஒரு சுவரைத் தொடும். சுடுபவர் அங்கேயே நின்று, குறி அமையும்வரை காத்திருந்து, இன்னும் சில கிராம் கூட்டினால் குண்டு புறப்படும். விடுபட்டதும் விரல் மேற்கொண்டு ஓடாமல் ஒரு திருகு தடுக்கும். இவை எல்லாவற்றுக்கும் தனித்தனித் திருகுகளைத் தயாரிப்பாளரே வைத்திருக்கிறார்.

கடையில் வாங்கும் சாதாரண ஸ்பிரிங் ஏர் ரைபிளின் கதை வேறு. அங்கே கொக்கி தாங்குவது முழு பிஸ்டன் ஸ்பிரிங்கின் விசையை. அது பல பத்துக் கிலோ வரும். கெட்டியான இழுவை அந்த ட்ரிகரில் குறை அல்ல, அது செய்யும் வேலையின் விலை. கொக்கியின் விளிம்பை அரத்தால் இரண்டு தேய்ப்புத் தேய்த்தால் இழுவை நிச்சயம் குறையும். ஆனால் இத்தகைய பாகங்கள் பலவற்றில் எஃகின் மேல்தோல் மட்டுமே கடினப்படுத்தப்பட்டிருக்கும். ஹீட் ட்ரீட்மென்ட் செய்கிறவர்களுக்கு இது நன்றாகத் தெரியும். அந்தத் தோல் போனால் உள்ளே இருப்பது மிருதுவான இரும்பு. முதல் நூறு குண்டு அருமையாகப் போகும். பிறகு விளிம்பு மழுங்கும், கோணம் மாறும். ஒரு நாள் சுவரில் சாய்த்து வைக்கும்போது தானாக விடுபடும்.

புவியீர்ப்பும் ஒரு கணக்கு வைத்திருக்கிறது. ட்ரிகர் பாகத்தின் எடை பத்துக் கிராம் என்று கொள்வோம். துப்பாக்கி கை நழுவிச் சிமென்ட் தரையில் மோதும்போது, கண நேரத்திற்குப் புவியீர்ப்பைப்போல நூறு மடங்கு வேகத்தணிவு ஏற்படலாம். அப்போது அந்தப் பத்துக் கிராம் ஒரு கிலோபோல நடந்துகொள்ளும். விழுந்த திசை பொருந்திவிட்டால், ஒரு கிலோவுக்குக் குறைவான இழுவையுள்ள ட்ரிகரைத் தரையே இழுத்துவிடும். காடு மேடு ஏறும் ராணுவ ரைபிள்களின் ட்ரிகர் கெட்டியாகவே இருப்பதற்கு இது ஒரு காரணம். போட்டி மேடையில் குண்டு போடுவதே சுடும் வரிசையில் நின்று, கட்டளை வந்த பிறகுதான். அதனால் அங்கே நூறு கிராம் பாதுகாப்பானது. தெருவில் அல்ல.

இவ்வளவும் ஒவ்வொரு முறையும் கையால் ஏற்றிச் சுடும் துப்பாக்கிக்கு. அரைத் தானியங்கி வந்தால் சிக்கல் இரட்டிப்பாகிறது. அதில் ஒரு குண்டு போனதுமே இயந்திரம் தானே காலித் தோட்டாவை வெளியேற்றி, சுத்தியலைப் பின்னுக்குத் தள்ளி, அடுத்த தோட்டாவை ஏற்றிவிடும். விரல் இன்னும் ட்ரிகரை அழுத்தியபடியே இருக்கிறது, கொக்கி விலகியே இருக்கிறது. அப்படியென்றால் திரும்பி வரும் சுத்தியலை யார் பிடிப்பது? டிஸ்கனெக்டர் என்ற இரண்டாவது கொக்கி பிடிக்கிறது. விரல் தளர்ந்ததும் அது சுத்தியலை முதல் கொக்கியிடம் பதமாக ஒப்படைக்கிறது. ஒரு தாழ்ப்பாளைத் திறக்கும் முன் இன்னொன்று விழுந்திருக்க வேண்டும். இந்தக் கைமாற்றம் வினாடியில் சிறு துளிக்குள் ஒவ்வொரு குண்டுக்கும் நடக்கிறது. வெளியிலிருந்து வாங்கிய ட்ரிகரைப் பொருத்தும்போது இரண்டு கொக்கிகளின் நேரமும் அளவும் ஒத்துப்போகாவிட்டால், ஒரு இழுப்பில் இரண்டு குண்டு போகலாம். இரண்டாவது குண்டு புறப்படும்போது முதல் குண்டின் உதைப்பில் குழல் மேல்நோக்கி எழும்பியிருக்கும்.

இந்தியச் சட்டமும் இந்த இடத்தைத்தான் பார்க்கிறது. 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டம் தடை செய்யப்பட்ட ஆயுதத்தை வரையறுக்கும்போது குழலின் நீளத்தையோ குண்டின் பருமனையோ முதலில் பேசவில்லை. ட்ரிகரை அழுத்தினால், அழுத்தத்தை எடுக்கும்வரையோ குண்டு தீரும்வரையோ சுட்டுக்கொண்டே இருக்கும் துப்பாக்கி என்று சொல்கிறது. அதே சட்டத்தின் 5-ஆவது பிரிவின்படி துப்பாக்கியைத் தயாரிப்பது மட்டுமல்ல, பழுது பார்ப்பதற்கும் மாற்றி அமைப்பதற்கும்கூட உரிமம் வேண்டும். 4.5 மி.மீ. அளவுக்குள், 20 ஜூல் ஆற்றலுக்குள் இருக்கும் ஏர் ரைபிளுக்கு 2016 விதிகள் உரிமத்திலிருந்து விலக்கு அளிக்கின்றன. அந்த விலக்கு தாளில் இருக்கிறது. கொக்கியின் இயற்பியல் எந்த விலக்கும் தருவதில்லை.

அமெரிக்காவில் தனியாக விற்கும் ட்ரிகர் பெரிய வணிகம். அங்கே நடந்த இரண்டு வழக்குகளை நம் பட்டறைக்காரர்கள் அறிந்திருக்க வேண்டும். 1962-இல் வந்த ரெமிங்டன் 700 ரைபிளின் ட்ரிகரை வடிவமைத்தவர் மைக் வாக்கர். அதில் விரல் தொடும் பாகத்துக்கும் கொக்கிக்கும் நடுவே, எதோடும் இணைக்கப்படாத ஒரு சின்ன எஃகுத் துண்டு உண்டு. சுட்டதும் அது விலகி, பிறகு தன் இடத்துக்குத் திரும்ப வேண்டும். அந்த இடைவெளியில் தூசியோ காய்ந்த எண்ணெயோ அடைந்தால் முழுதாகத் திரும்பாமல் நுனியில் மட்டும் தொற்றிக்கொள்ளும், தொடாமலே துப்பாக்கி சுடும் என்பது பல ஆண்டுகள் நீடித்த குற்றச்சாட்டு. ட்ரிகரில் குறையில்லை என்றே நிறுவனம் வாதிட்டது. கடைசியில் ஏறத்தாழ 75 லட்சம் துப்பாக்கிகளுக்கு ட்ரிகர் மாற்றித் தர ஒப்புக்கொண்ட உடன்பாட்டுக்கு 2017-இல் நீதிமன்றம் அனுமதி அளித்தது. இன்னும் வியப்பானது, வாக்கரின் ட்ரிகருக்குப் பதிலாக அந்த நிறுவனமே கொண்டுவந்த புதிய ட்ரிகரும் அதற்கு முன்பே, 2014-இல் திரும்பப் பெறப்பட்டது. காரணம், பொருத்தும்போது அளவுக்கு மீறி வைக்கப்பட்ட பசை. துப்பாக்கி செய்வதையே தொழிலாகக் கொண்ட ஆலையில் இது நடக்குமானால் வீட்டு மேசையில் நடக்காதா?

இன்னொரு வழக்கு உச்ச நீதிமன்றம்வரை போனது. 2017-இல் லாஸ் வேகாஸில் 60 பேர் உயிரிழந்த தாக்குதலில், உதைப்பின் வேகத்திலேயே விரலில் ட்ரிகர் மீண்டும் மீண்டும் மோதும்படி செய்யும் பின்கட்டை (பம்ப் ஸ்டாக்) பயன்பட்டது. அரசு அதைத் தடை செய்தது. 2024 ஜூனில் நீதிமன்றம் 6-க்கு 3 என்ற கணக்கில் அந்தத் தடையை நீக்கியது. பெரும்பான்மைத் தீர்ப்பிலேயே கொக்கியும் சுத்தியலும் எப்படி விலகி எப்படிச் சேர்கின்றன என்று படம் போட்டு விளக்கியிருந்தார்கள். ஒவ்வொரு குண்டுக்கும் ட்ரிகர் ஒருமுறை தளர்ந்து மறுபடி இயங்க வேண்டியிருப்பதால் அது இயந்திரத் துப்பாக்கி ஆகாது என்பது வாதம். உலோகத்தைப் பொறுத்தவரை அந்த விளக்கம் சரி. இறந்தவர்களைப் பொறுத்தவரை அதை என்னால் ஏற்க முடியவில்லை.

மகளின் குறைக்குத் திரும்புவோம். அவளுக்கு வேண்டியது தேய்த்த கொக்கி அல்ல. திருகினால் இழுவை மாறும்படி தயாரிப்பாளரே அமைத்த போட்டித் துப்பாக்கி வேண்டும். விலை அதிகம்தான். ஆனால் பயிற்சி நிலையங்களில் பொதுவில் வைத்திருப்பதைப் பயன்படுத்தலாம். தென் சென்னையிலேயே வேளச்சேரி குருநானக் கல்லூரியில் சுடுதளம் இருக்கிறது. 2024 ஜனவரியில் தமிழ்நாட்டில் நடந்த கேலோ இந்தியா இளைஞர் விளையாட்டின் துப்பாக்கிச் சுடுதல் அங்கேதான் நடந்தது. அத்தகைய துப்பாக்கியில் அளவு மாற்ற வேண்டுமானால் பயிற்சியாளர் முன்னிலையில், குண்டு இல்லாமல், கையேட்டில் சொன்ன வரம்புக்குள் மாற்றலாம்.

அவள் நாளை பிஸ்டல் பக்கம் போனால் இன்னொன்றையும் சந்திப்பாள். சர்வதேச விதிப்படி ஏர் ரைபிளின் ட்ரிகருக்குக் குறைந்தபட்ச எடை கிடையாது. ஏர் பிஸ்டலுக்கு 500 கிராம். அரைத் தானியங்கியான 25 மீட்டர் பிஸ்டலுக்கு 1,000 கிராம். 2012-இல் விஜய் குமார் வெள்ளி வென்ற ரேபிட் ஃபயர் போட்டிக்கும் அதே 1,000 கிராம். நான்கு வினாடியில் ஐந்து குண்டு சுட வேண்டிய அந்தப் போட்டியில் இன்னும் லேசான ட்ரிகரைக் கேட்காத வீரர் இருக்க முடியாது. விதி இடம் தரவில்லை. சோதனைக்கு அதிகாரி ஓர் எடைக்கல்லை ட்ரிகரில் மாட்டித் துப்பாக்கியை மேலே தூக்கச் சொல்வார். கல் தரையை விட்டு எழ வேண்டும், கொக்கி விடுபடக் கூடாது. மூன்று முறைதான் வாய்ப்பு. போட்டி முடிந்த பிறகும் திடீரென்று யாரையாவது அழைத்து இதே கல்லை மாட்டுவார்கள். அப்போது ட்ரிகர் விடுபட்டுவிட்டால், எத்தனை பத்துப் புள்ளிகள் சுட்டிருந்தாலும் தகுதி நீக்கம்தான்.