ரசம் இறக்கும் நேரமும் ரும்பாவின் மூன்றாவது அடியும்

ரசத்துக்குப் புளி எவ்வளவு, மிளகு எவ்வளவு, எதற்குப் பின் எது என்பதையெல்லாம் எழுதிக் கொடுத்துவிடலாம். எப்போது இறக்குவது? ‘நுரை கட்டி வரும்போது’ என்பதற்கு மேல் எழுத முடியாது. ஒரு கொதி கூடினால் ருசி போச்சு. ஆப்பிரிக்க-கியூபத் தாளத்தைத் தாளில் எழுதுகிறவரும் இதே இடத்தில்தான் மாட்டிக்கொள்கிறார். அதற்காக எழுதாமல் விட வேண்டியதில்லை.

முதலில் அளவு. வரிசையாக 16 கட்டம் போடுங்கள். கிளாவே என்பது ஒன்றோடொன்று தட்டும் இரண்டு மரக்கட்டைகள். அவற்றில் திரும்பத் திரும்ப வரும் ஐந்தடிக் கோவைக்கும் அதே பெயர்தான். சோன் என்ற கியூப இசைவகையின் கிளாவே 1, 4, 7, 11, 13 ஆகிய கட்டங்களில் விழும். ரும்பா என்ற இன்னொரு வகையில் 1, 4, 8, 11, 13. மூன்றாவது அடி மட்டும் ஒரு கட்டம் தள்ளிப் போயிருக்கிறது. காதைக் குழப்பும் இந்த வித்தியாசம் கண்ணுக்கு உடனே தெரிந்துவிடும். ஐரோப்பிய ஐங்கோட்டிலும் எழுதலாம்தான். ஆனால் கியூபாவின் பழைய வழக்கம் இதை ஒரே 2/4 பாரில் அடக்கும்; அமெரிக்கர்கள் இரண்டு பாராகப் பிரிப்பார்கள். கட்டத்துக்கு அந்த வழக்கெல்லாம் இல்லை.

அடுத்து சேர்மானம். ரும்பாவின் ஒரு வகையான குவாகுவாங்கோவை எடுத்துக்கொள்வோம். கிளாவேக்குக் கீழே ஆளுக்கொரு வரிசை: குச்சியால் தட்டும் காத்தா, அடிக்குரலில் பேசும் சலிதோர் முரசு, அதற்கு மேல் சுருதியில் திரெஸ் தோஸ். உச்சத்தில் ஒலிக்கும் கின்தோவின் வரிசையைக் காலியாகவே விடலாம்; பாட்டுக்கும் ஆட்டத்துக்கும் அந்தந்த நேரத்தில் பதில் சொல்வது அதன் வேலை. இப்போது ஏதாவது ஒரு வரிசையை எட்டுக் கட்டம் நகர்த்திப் பாருங்கள். கிளாவேயின் ஒரு பாதியில் மூன்றடி, மறு பாதியில் இரண்டடி என்பதால், மூன்றோடு சேர வேண்டியது இரண்டோடு போய் உட்காரும். வாத்தியக்காரர் ஓர் அடிகூடத் தப்பவில்லை. ஆனாலும் மொத்தமும் கோணலாகிவிடும். கியூபர்கள் இதைக் குருசாதோ என்பார்கள், குறுக்கே போய்விட்டது என்று. பொருளெல்லாம் சரி, போட்ட நேரம்தான் தப்பு.

இனி இறக்கும் பதம். மத்தான்சாஸ் நகரில் 1952-இல் உருவான லோஸ் முன்யேகீத்தோஸ் குழுவின் பதிவு ஒன்றைக் கேட்டபடி கட்டங்களில் விரல் வையுங்கள். சில அடிகள் கட்டத்தில் உட்கார மறுக்கும். அதே நீளத்துக்குக் கீழே இன்னொரு வரிசை போடுங்கள், இம்முறை 12 கட்டம். இதில் ரும்பா கிளாவே 1, 3, 6, 8, 10. கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்குச் சொன்னால், மேலே சதுஸ்ரம், கீழே திஸ்ரம். ஒரு சுற்று இரண்டு வினாடி என்று வைத்துக்கொண்டால், மூன்றாவது அடி மேல்வரிசையில் 875-ஆவது மில்லிவினாடியில் வரும், கீழ்வரிசையில் 833-இல். நான்காவது அடிக்கு 1250, 1167. முதல் அடியும் ஐந்தாவது அடியும் இரண்டிலும் ஒன்றே.

கைதேர்ந்த ரும்பாக்காரர் மூன்றாவதையும் நான்காவதையும் பெரும்பாலும் இந்த இரண்டு எண்களுக்கு நடுவில் எங்கோ வைக்கிறார். எங்கே என்பது வேகத்தைப் பொறுத்தது, ஊரைப் பொறுத்தது, பக்கத்தில் வாசிப்பவரையும் பொறுத்தது. இரண்டு வரிசைக்கும் பொதுவாக 48 கட்டம் போட்டு அதையும் பிடித்துவிடலாமே என்று தோன்றும். செய்யலாம், ரசத்துக்குள் தெர்மாமீட்டர் வைத்த கதைதான். அன்றைய ரசத்தின் சூடு தெரியும், அடுத்த முறை இறக்க அது உதவாது. ‘உணர்ந்து வாசிக்கவும்’ என்று மேலே எழுதிவிட்டு நழுவும் பாடப்புத்தகங்களை விட, இந்த இரட்டை வரிசை எவ்வளவோ மேல் என்பேன். எந்த இடைவெளிக்குள் தேட வேண்டும் என்றாவது அது காட்டுகிறது.

தேடுவதற்குக் கால்தான் துணை. சுற்றுக்கு நான்கு முறை காலைத் தட்டுங்கள்: மேலே 1, 5, 9, 13, கீழே 1, 4, 7, 10. கால் மாறாமல் இருக்க, கை மேல்வரிசையில் சில சுற்று, கீழ்வரிசையில் சில சுற்று வாசிக்கட்டும். பிறகு ஒன்றிலிருந்து மற்றதற்குத் தாவாமல் மெல்ல நகருங்கள். கணினியில் பதிவு செய்து பார்ப்பதானால் குவான்டைஸ் வசதியை அணைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் நகர்ந்த அடிகளையெல்லாம் அது மறுபடி கட்டத்துக்குள் இழுத்துவிடும்.