தண்டவாளம் மட்டுமா வழுக்குகிறது?

கொல்கத்தாவின் ராஷ்பிஹாரி அவென்யூவில், லேக் மார்க்கெட்டைச் சுற்றியுள்ள தெருக்கள் பழைய தென்னிந்தியக் குடியிருப்பு. வாழையிலை, ஃபில்டர் காபித் தூள், கறிவேப்பிலை என்று தமிழ்க் குடும்பங்களுக்கு வேண்டியதெல்லாம் அங்கே கிடைக்கும். அந்த வழியாகத்தான் பாலிகஞ்சையும் டாலிகஞ்சையும் இணைக்கும் டிராம் தண்டவாளம் போகிறது. ஜூன் மாதம் மழை பிடித்ததும், இந்தத் தடத்தில் பைக்கும் ஸ்கூட்டரும் சறுக்கும் கதைகள் ஒவ்வோர் ஆண்டும் புதிதாகக் கிளம்பும். காலேஜ் ஸ்ட்ரீட், பிதான் சரணி, லெனின் சரணி என்று தண்டவாளம் பதித்த எல்லாச் சாலைகளிலும் இதே கதைதான்.

கொல்கத்தாவில் முதல் டிராம் 1873 பிப்ரவரி 24 அன்று ஓடியது, இழுத்தவை குதிரைகள். 1902-ல் மின்சார டிராம் வந்தது. நூற்றைம்பது ஆண்டுகளைக் கடந்த நிலையில், 2024 செப்டம்பரில் மேற்கு வங்க அரசு மைதானம் – எஸ்பிளனேடு பாரம்பரியத் தடத்தை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை நிறுத்தப்போவதாக அறிவித்தது. டிராம் ஆர்வலர்கள் கல்கத்தா உயர் நீதிமன்றத்தில் போராடுகிறார்கள். டிராமை எதிர்ப்பவர்கள் சொல்லும் காரணங்களில் நெரிசலுக்கு அடுத்து வருவது, தண்டவாளத்தில் இருசக்கர வாகனங்கள் வழுக்கி விழுகின்றன என்பது.

காரணம் உண்மைதான். ஆனால் பாதி உண்மை. விழுந்த பைக்கின் டயரை யாரும் குனிந்து பார்ப்பதில்லை.

ரப்பர் சாலையைப் பிடிப்பதற்கு இரண்டு வழிகள் உண்டு. ஒன்று, ரப்பரின் மூலக்கூறுகள் சாலைப் பரப்போடு நேரடியாக ஒட்டிக்கொள்வது. மற்றொன்று, தாரில் துருத்திக்கொண்டிருக்கும் ஜல்லிக்கற்களைச் சுற்றி ரப்பர் நெளிந்து, அழுந்தி, மீள்வது. அப்படி நெளியும்போது ஆற்றல் வெப்பமாகக் கழிகிறது. அந்த இழப்புதான் உராய்வாகத் திரும்பிக் கிடைக்கிறது. சாலை நனைந்தால் முதல் வழி அடைபடுகிறது, ஏனென்றால் ரப்பருக்கும் தாருக்கும் நடுவில் மெல்லிய நீர்ப்படலம் நிற்கிறது. இரண்டாவது வழி ஓரளவு திறந்தே இருக்கும்.

ஈரமான இரும்பின் மேல் இரண்டுமே இல்லை. லட்சக்கணக்கான சக்கரங்கள் தேய்த்துப் பளபளப்பாக்கிய தண்டவாளத்தில் நெளிவதற்கு மேடு பள்ளம் கிடையாது. ஒட்டுவதற்கு நீர் விடாது. ஆகவே இதை ஒளிவுமறைவில்லாமல் சொல்லிவிட வேண்டும்: ஈரத் தண்டவாளத்தின் மேல் நேற்று வாங்கிய டயருக்கும் மொட்டை டயருக்கும் பெரிய வேறுபாடு இல்லை. வேறுபாடு தெரிவது தண்டவாளத்துக்கு முன்னும் பின்னும் இருக்கும் தார்ச்சாலையில்தான். கடப்பதற்கு முன் வேகத்தைக் குறைத்து வண்டியை நிமிர்த்த முடிகிறதா, கடந்த மறுகணம் சக்கரம் பிடியை மீட்டுக்கொள்கிறதா என்பதை டயர்தான் முடிவு செய்கிறது.

கணக்குப் போட்டுப் பார்க்கலாம். தண்டவாளமும் அதன் பள்ளமும் சேர்ந்து சுமார் 10 செ.மீ. அகலம் என்று வைத்துக்கொள்வோம். மணிக்கு 30 கி.மீ. வேகத்தில் செங்குத்தாகக் கடந்தால், ஒரு சக்கரம் அதன் மேல் இருக்கும் நேரம் நொடியில் நூறில் ஒரு பங்குதான். வண்டி விழ நேரமே இல்லை. அதையே 10 டிகிரி சாய்கோணத்தில், தடத்தோடு ஒட்டியபடி கடந்தால், சக்கரம் இரும்பின் மேல் கடக்கும் தூரம் ஏறக்குறைய ஆறு மடங்காகிறது. அமெரிக்காவின் நாக்ஸ்வில் நகரில் ஒரு ரயில் பாதையைச் சைக்கிளில் கடப்பவர்களைக் கேமரா வைத்துப் பதிவு செய்த டென்னசி பல்கலைக்கழக ஆய்வாளர்கள், கோணம் 30 டிகிரிக்குக் கீழே போனால் விழும் ஆபத்து கூர்மையாக ஏறுவதைக் கண்டார்கள். ஆனால் கொல்கத்தா நெரிசலில் கோணத்தைத் தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் எல்லா நேரமும் கிடைப்பதில்லை. பக்கவாட்டில் மினிபஸ் நெருக்கும், முன்னால் மஞ்சள் டாக்ஸி நிற்கும். அப்போது கையில் மிஞ்சுவது டயர் தரும் பிடி மட்டுமே.

அந்தப் பிடி எவ்வளவு சிறிய இடத்தில் இருக்கிறது என்பதையும் பார்த்துவிடலாம். பைக்கின் பின்சக்கரத்தில் 100 கிலோ எடை இறங்குகிறது, டயரில் 29 பிஎஸ்ஐ காற்று இருக்கிறது என்றால், சாலையைத் தொடும் பரப்பு சுமார் 49 சதுர செ.மீ. ஒரு ஏடிஎம் கார்டின் அளவு. முன்சக்கரத்துக்கு இன்னும் குறைவு. பிரேக், திருப்பம், குழி, மழை எல்லாவற்றையும் தாங்குவது இந்த இரண்டு துண்டு இடங்கள்தான்.

டயரின் பள்ளங்கள், நம்மூர் மெக்கானிக் மொழியில் ‘பட்டன்’, உலர்ந்த சாலைக்குத் தேவையே இல்லை. மோட்டோஜிபி பந்தயத்தில் வெயில் நாளில் பள்ளமே இல்லாத வழவழப்பு டயரைத்தான் மாட்டுகிறார்கள். மழை வந்தால் பள்ளம் வெட்டிய டயர் போட்ட வேறு வண்டிக்கு மாறுகிறார்கள். பள்ளத்தின் வேலை தண்ணீரை வெளியேற்றுவது மட்டும். தேய்ந்த டயரின் பெரிய ஆபத்தும் இதில்தான் இருக்கிறது. மார்ச், ஏப்ரல், மே முழுக்க அது எந்தக் குறையும் காட்டாது. வழக்கம்போல் ஓடும், வழக்கம்போல் நிற்கும். ஓட்டுபவர் அதை நம்பிப் பழகிவிடுவார். முதல் மழையில், எண்ணெயும் தூசியும் கலந்து சாலை வழவழக்கும் அந்த முதல் அரைமணி நேரத்தில், டயர் தன் நிலையைச் சொல்லும். அதற்குள் காலம் கடந்திருக்கும்.

எப்போது மாற்றுவது? 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள் இருசக்கர வாகனத்துக்கு 0.8 மி.மீ. பள்ள ஆழத்தைக் கடைசி எல்லையாக வைத்திருக்கின்றன. கார்களுக்கு 1.6 மி.மீ. பிரிட்டனில் மோட்டார் சைக்கிளுக்கு 1 மி.மீ., ஜெர்மனியில் 1.6 மி.மீ. நம் எல்லை தாராளமானது என்பதே இந்தக் கட்டுரையின் கருத்து. 8 மி.மீ. ஆழத்தில் தொடங்கிய பள்ளம் 0.8 மி.மீ.க்கு வரும்போது, அது ஏந்தக்கூடிய தண்ணீர் பத்தில் ஒரு பங்காகிவிடுகிறது. 2025 செப்டம்பர் 23 அதிகாலையில் சில மணி நேரத்தில் கொட்டிய மழையில் கொல்கத்தாவின் பெரும்பகுதி மிதந்ததே, அப்படி ஒரு நகரத்தில் சட்டத்தின் கடைசிக் கோடுவரை காத்திருப்பது பாதுகாப்பல்ல. 2 மி.மீ.க்கு வந்ததுமே மாற்றத் திட்டமிட வேண்டும், 1.5-க்குக் கீழே மழைக்காலத்துக்குள் நுழையக் கூடாது.

அளக்கக் கருவி வேண்டும் என்பதில்லை. டயரின் பக்கச் சுவரில் சிறு முக்கோணக் குறியோ ‘டிடபிள்யூஐ’ என்ற எழுத்துகளோ இருக்கும். அந்த இடத்துக்கு நேரே பள்ளத்துக்குள் பார்த்தால் குறுக்கே சிறு ரப்பர் மேடு தெரியும். டயரின் மேற்பரப்பு அந்த மேட்டைத் தொட்டுவிட்டால் டயரின் ஆயுள் முடிந்தது. நடுப்பகுதியில்தான் பார்க்க வேண்டும். ஓரத்தைப் பார்த்து ‘இன்னும் பட்டன் இருக்கிறதே’ என்று திருப்திப்படுபவர்கள் நிறைய.

ஓரத்தில் பட்டன் மிஞ்சுவதற்கும் காரணம் உண்டு. நகரத்தில் பைக் பெரும்பாலும் நிமிர்ந்தே ஓடுகிறது. ஆகவே பின் டயர் நடுவில் தட்டையாகத் தேய்கிறது. பைக் டயர் வளைந்த முகம் கொண்டது. வண்டி சாயும்போது அந்த வளைவின் மேல் சீராக உருள வேண்டும். நடுவில் தட்டையாகிவிட்டால், தட்டைக்கும் வளைவுக்கும் இடையில் ஒரு விளிம்பு உருவாகிறது. திருப்பத்தில் வண்டி முதலில் சாய மறுக்கும், பிறகு விளிம்பைத் தாண்டியதும் திடீரென்று சாயும். சாய்கோணத்தில் தண்டவாளத்தைச் சந்திக்கும்போது இந்தத் தடுமாற்றம் பெரும் கேடு. முன் டயர் மெதுவாகத் தேய்வதால் பலர் அதை மறந்தே போகிறார்கள். பின்சக்கரம் சறுக்கினால் சமாளித்துவிட வாய்ப்புண்டு. முன்சக்கரம் சறுக்கினால் பெரும்பாலும் தரைதான்.

தேயாத டயரும் சாகும். காற்றிலுள்ள ஆக்சிஜனும் ஓசோனும் ரப்பரை மெல்ல மெல்ல இறுக்குகின்றன. இறுகிய ரப்பர் ஜல்லியைச் சுற்றி நெளியாது. ஈரச் சாலையில் மிஞ்சியிருந்த இரண்டாவது வழியும் அடைபடும். மாதத்துக்கு இரண்டு முறை கடைக்குப் போக மட்டும் எடுக்கும் ஸ்கூட்டரில் பட்டன் புதிதாகவே இருக்கும், ரப்பரோ கல்லாகியிருக்கும். பக்கச் சுவரில் நான்கு இலக்க எண் ஒன்று உண்டு: 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் தயாரானது. ஐந்து ஆண்டுகள் ஆன டயரை ஆண்டுதோறும் விவரம் தெரிந்தவரிடம் காட்ட வேண்டும். பத்து ஆண்டுகள் ஆனதை எப்படித் தோன்றினாலும் கழற்றிவிட வேண்டும். வெடிப்புகள் தெரிந்தால் ஆண்டுக் கணக்கே பார்க்க வேண்டாம். புதிய டயர் வாங்கும்போதும் இந்த எண்ணைப் பாருங்கள்.

டயரைப் பற்றிக் கொல்கத்தாவுக்கு யாரும் பாடம் எடுக்கத் தேவையில்லை என்பது தனிக் கதை. நகரிலிருந்து சற்றுத் தொலைவில், ஹூக்ளிக் கரையின் சாஹாகஞ்சில் 1936-ல் டன்லப் தொடங்கியது இந்தியாவின் முதல் டயர் தொழிற்சாலை. சென்னை அம்பத்தூரிலும் அதே நிறுவனத்துக்கு ஆலை இருந்தது. சாஹாகஞ்ச் ஆலை மூடிக்கிடக்கிறது. வட கொல்கத்தாவில் ஒரு சந்திப்பின் பெயராக டன்லப் வாழ்கிறது.

ஏபிஎஸ் இருக்கிறதே என்று சிலர் நம்பிக்கையோடு கேட்பார்கள். 2019 ஏப்ரல் முதல் 125 சிசிக்கு மேற்பட்ட புதிய பைக்குகளுக்கு அது கட்டாயம். சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் அது காக்கும், உண்மை. ஆனால் இல்லாத உராய்வை அதனால் உண்டாக்க முடியாது. மொட்டை டயரில் ஏபிஎஸ் வேலை செய்யும். வண்டி நிற்கும் தூரம் மட்டும் நீளும்.

இருசக்கர வாகனத்தின் டயருக்கு இவ்வளவு கவனம் ஏன்? 2022-ல் இந்தியச் சாலைகளில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனங்களில் சென்றவர்கள் என்கிறது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம்.

புதிய டயர் மாட்டியவர்களுக்கு ஒரு சொல்: அதன் மேல் பளபளப்பு போகும்வரை, முதல் 100, 150 கி.மீ.க்கு வேகமும் சாய்வும் வேண்டாம். காற்றை வாரம் ஒருமுறை, டயர் குளிர்ந்திருக்கும்போது பாருங்கள். கொல்கத்தாவில் இருப்பவர்கள் மே மாதத்திலேயே பின்சக்கரத்தைச் சுற்றிவிட்டு அந்த ரப்பர் மேட்டைத் தேடுங்கள். ஜூன் இரண்டாம் வாரத்தில் மழை வந்துவிடும். தமிழ்நாட்டில் இருப்பவர்களுக்கு டிராம் இல்லை, ஆனால் ஈரமான மேன்ஹோல் மூடியும் பாலத்தின் இரும்பு இணைப்பும் இதே இயற்பியலுக்குக் கட்டுப்பட்டவைதான். வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்குகிறது. செப்டம்பரிலேயே டயரைப் பார்த்துவிடுங்கள்.