சிக்கனம் மோகமாகும் விதம்

சிக்கனம் சிறந்த குணம் என்பதை எவரும் மறுப்பதில்லை. ஆயினும் எந்தக் குணத்துக்கும் ஒரு நோக்கம் உண்டு. நோக்கம் மறைந்த பிறகும் குணம் மட்டும் வளர்ந்துகொண்டே போகுமானால், அது குணமாக இராமல் மோகமாக மாறிவிடுகிறது. இம்மாறுதல் ஒரே நாளில் நிகழ்வதில்லை. மோகத்தில் ஆழ்ந்த மனிதன், தான் இன்னமும் சிக்கனம் செய்வதாகவே நம்பிக்கொண்டிருப்பான். இவ்வுண்மையை விளக்கத் துப்பாக்கித் தோட்டாவின் சரித்திரத்தைவிடத் தெளிவான உதாரணம் கிடைப்பது அரிது. சுட்டுத் தீர்ந்த தோட்டாவின் வெற்றுக் கூட்டை எறிந்துவிடாமல், அதில் மறுபடியும் மருந்தும் குண்டும் இட்டு உபயோகிக்கும் வழக்கம் மேல்நாடுகளில், முக்கியமாக அமெரிக்காவில், வெகுவாகப் பரவியிருக்கிறது. காசை மிச்சப்படுத்துவதற்காக ஆரம்பித்த அவ்வேலை, ஓய்வு நேரத்தையும் வருமானத்தையும் ஒருங்கே விழுங்கும் பொழுதுபோக்காக வளர்ந்த விதம் நாம் கவனிக்கத்தக்கது.

நமது ஊர்த் துப்பாக்கி

வளவனூரிலிருந்து திண்டிவனம் வரை ஏரிகளும் கழனிகளும் நிறைந்த நமது பகுதியில், துப்பாக்கி என்றவுடன் வயது முதிர்ந்தோருக்கு நினைவு வருவது நரிக்குறவரின் நாட்டுத் துப்பாக்கிதான். அதற்குத் தொழிற்சாலைத் தோட்டா வேண்டியதில்லை. குழலின் வாய் வழியே கருமருந்தைக் கொட்டி, மேலே தக்கையை அடைத்து, ஈய ரவைகளைப் போட்டு, மறுபடியும் அடைத்து, கோலால் கெட்டிப்பார்கள். பின்புறத்தில் ஒரு கேப்பு வைத்தால் துப்பாக்கி தயார். வெடிக்கு வெடி அவர் தாமே தோட்டா செய்துகொள்கிறார் என்று சொன்னால் தவறில்லை.

அவருடைய சிக்கனம் கடைசி வரையில் சிக்கனமாகவே இருந்தது. ஏனெனில், அவருக்குக் கணக்கு எழுதியது வயிறு. குறி தவறினால் மருந்தும் நஷ்டம், ரவையும் நஷ்டம், அன்றைய உணவும் நஷ்டம். குறி தவறாமல் கொக்கோ மடையானோ விழுந்துவிட்டால், அதற்கு மேல் துல்லியத்தைத் தேடி இன்னொரு வெடி வெடிக்க அவருக்கு அவசியமுமில்லை, வசதியுமில்லை. 1972-ம் வருஷத்து வனஉயிர்ப் பாதுகாப்புச் சட்டம் வேட்டைத் தொழிலுக்கு முடிவு கட்டிற்று. திண்டிவனத்துக்குக் கிழக்கே, மரக்காணத்தை ஒட்டியுள்ள கழுவேலி ஏரி 2021-ல் பறவைகள் சரணாலயமாயிற்று. பறவைகளுக்குக் கிடைத்த அபயம் நியாயமே. ஆனால் பிழைப்பை இழந்து ஊசிமணி பாசிமணி விற்கத் தெருவுக்கு வந்த குடும்பங்களைப் பழங்குடியினர் பட்டியலில் சேர்க்கும் மசோதா பார்லிமெண்டில் நிறைவேறுவதற்கு 2022 டிசம்பர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது என்பதையும் இங்கே குறிப்பிடாமலிருக்க முடியவில்லை.

காகிதமும் பித்தளையும்

வாய் வழியே கெட்டிக்கும் முறையிலிருந்து தோட்டா பிறந்தது எப்படி? முதலில் மருந்தையும் குண்டையும் அளவாகக் காகிதத்தில் சுற்றி வைத்தார்கள். சிப்பாய் அக்காகிதத்தைப் பல்லால் கடித்துக் கிழித்து மருந்தைக் குழலில் கொட்ட வேண்டும். 1857-ல் என்பீல்டு துப்பாக்கியின் தோட்டாவில் பூசிய கொழுப்பு, வட இந்தியச் சிப்பாய்களிடையே மூட்டிவிட்ட தீயை நமது வாசகர்கள் நன்கு அறிவார்கள். அத்தோட்டாவில் மிச்சம் பிடிக்க எதுவுமில்லை. சுட்டபின் காகிதம் போனது போனதுதான்.

அடுத்த பத்தாண்டுகளுக்குள் பித்தளைக் கூடு வந்தது. புதிய தோட்டாவுக்கு நான்கு உறுப்புகள்: பித்தளைக் கூடு, அதன் அடியில் பொறி தரும் கேப்பு, உள்ளே மருந்து, வாயில் குண்டு. சுட்டவுடன் கேப்பு தீர்ந்துவிடுகிறது, மருந்து எரிந்துபோகிறது, குண்டு பறந்துவிடுகிறது. நான்கிலும் விலை மிகுந்த பித்தளைக் கூடு மட்டும் பெரும்பாலும் பழுதின்றிக் கையில் நிற்கிறது. இதைக் காணும் எந்தக் குடியானவனுக்கும் எறிய மனம் வருமா? சிக்கனத்தின் விதை இங்கேதான் விழுந்தது.

விதை முளைப்பதற்கு மற்றொரு தற்செயலும் துணை செய்தது. 1866-ல் இங்கிலாந்தில் பாக்ஸர் என்ற ராணுவ அதிகாரியும், அமெரிக்காவில் பெர்டன் என்பவரும் தனித்தனியே இருவகைக் கேப்புகளுக்குப் பேடண்ட் பெற்றார்கள். விநோதம் என்னவென்றால், ஆங்கிலேயருடைய கேப்பை அமெரிக்காவும், அமெரிக்கருடைய கேப்பை ஐரோப்பாவும் சுவீகரித்துக்கொண்டன. பாக்ஸர் முறையில் கூட்டின் அடியில் நடுவே ஒரே துவாரம். தீர்ந்த கேப்பை ஒரு கம்பியால் தள்ளி எடுத்துவிடலாம். பெர்டன் முறையிலோ சிறு துவாரங்கள் இரண்டு. அதைப் பெயர்ப்பது தொல்லை பிடித்த வேலை. இந்தச் சின்னஞ்சிறு வித்தியாசம், அமெரிக்கக் குடியானவன் வீட்டிலேயே தோட்டாவைப் புதுப்பிக்க வழி திறந்துவிட்டது.

பஞ்சம் வளர்த்த தொழில்

1870-ஐ ஒட்டிய வருஷங்களில் அமெரிக்காவின் மேற்குச் சமவெளியில் காட்டெருமைகளை வேட்டையாடியவர்கள், கடையிலிருந்து நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பால் முகாமிட்டிருந்தார்கள். ஈயக் கட்டியையும் மருந்தையும் வண்டியில் ஏற்றிச் சென்று, இரவில் நெருப்பண்டை உட்கார்ந்து குண்டு வார்த்து, பகலில் காலியான கூடுகளை நிரப்புவார்கள். அவர்களுக்கு இது பிழைப்பு. 1884-ல் ஜான் பார்லோ என்பவர் கனெக்டிகட் மாகாணத்தில் ‘ஐடியல்’ என்ற கம்பெனியை ஸ்தாபித்து, குறடு போன்ற ஒரு கைக்கருவியை விற்றார். உபயோகிக்கும் முறைகளை விளக்கிக் கைப்புத்தகமும் வெளியிட்டார்.

இரண்டாவது உலக யுத்தம் இத்தொழிலுக்குப் பெரிய தூண்டுதலாயிற்று. பித்தளையும் ஈயமும் போர்முனைக்குப் போய்விட்டபடியால், பொது ஜனங்களுக்குத் தோட்டா கிடைப்பது அரிதாயிற்று. 1943-ல் கலிபோர்னியாவில் பிரெட் ஹண்டிங்டன் என்பவர், எறியப்பட்ட சிறு தோட்டாக்களின் கூடுகளையே அழுத்திக் குண்டுக்கு மேலுறையாக்கும் அச்சுகளைச் செய்தார். யுத்தம் முடிந்தபின் ராணுவத்தில் மிஞ்சிய மருந்தை கான்சாஸ் மாகாணத்து புரூஸ் ஹாட்ஜ்டன் மலிவாக வாங்கி மலிவாக விற்றார். 1958-ல் ரிச்சர்டு லீ என்பவர் சுத்தியலால் தட்டியே வேலையை முடிக்கும் சிறு கருவிப் பெட்டியைக் கொண்டுவந்தார். ஏழையும் எளிதில் வாங்கக்கூடிய பெட்டி அது. இது வரையில் சிக்கனம் தன் எல்லையைத் தாண்டவில்லை.

கணக்கு ஏமாற்றும் இடம்

இனிமேல்தான் விஷயம் சுவாரஸ்யமாகிறது. ஓர் உதாரணக் கணக்குப் போட்டுப் பார்ப்போம். கடைத் தோட்டா நூறு ரூபாய் என்றும், வீட்டில் நிரப்பினால் ஐம்பது என்றும் வைத்துக்கொள்வோம். வருஷத்துக்கு நூறு தோட்டா சுடும் ஒருவனுக்குப் பழைய செலவு பதினாயிரம். அவன் ஐம்பதாயிரம் ரூபாய்க்குக் கருவிகள் வாங்குகிறான். வருஷ மிச்சம் ஐயாயிரம்தான். முதல் திரும்புவதற்குப் பத்து வருஷம் ஆகும். அவ்வளவு காலம் காத்திருப்பானேன்? அதிகம் சுட்டால் முதல் சீக்கிரம் திரும்பும் என்று அவன் மனம் சொல்கிறது. வருஷத்துக்கு ஐந்நூறு சுடுகிறான். ஒவ்வொரு தோட்டாவிலும் ஐம்பது ரூபாய் மிச்சமாவது வாஸ்தவமே. ஆனால் வருஷச் செலவு பதினாயிரத்திலிருந்து இருபத்தையாயிரமாக ஏறிவிட்டது! அந்நாட்டு ரசிகர்களே தங்களைப் பரிகாசம் செய்துகொள்வதுண்டு: காசு மிச்சமாகவில்லை, வெடிச் சத்தம்தான் அதிகமாயிற்று என்று.

காசுக் கணக்கு தோற்றவுடன் துல்லியக் கணக்கு ஆரம்பமாகிறது. தொழிற்சாலைத் தோட்டா எல்லாத் துப்பாக்கிக்கும் பொதுவானது. தன் துப்பாக்கிக்கென்றே அளந்து செய்தது நன்றாகப் பாயும். இது உண்மை. ஆகவே, மருந்தை நிறுக்கத் தராசு வருகிறது. அவர்கள் உபயோகிக்கும் நிறை கிரெய்ன். நமது குன்றிமணி ஒன்று ஏறக்குறைய இரண்டு கிரெய்ன் இருக்கும். அத்தராசு ஒரு கிரெய்னில் பத்தில் ஒரு பங்கைக் காட்டுகிறது. அதாவது, குன்றிமணியில் இருபதில் ஒரு பங்கு! பொற்கொல்லரும் வியக்கும் நுட்பம் இது. பிறகு கூடுகளை ஒன்றொன்றாக நிறுத்துத் தரம் பிரிப்பார்கள். அவற்றின் கழுத்துப் பருமனை அளந்து சீவுவார்கள். மேஜைமேல் துப்பாக்கியைச் சார்த்தி, நூறு கஜத்தில் ஐந்து குண்டுகளை ஒரே துளையில் செலுத்த முயல்வார்கள். முன்பு சுடுவதற்காகத் தோட்டா செய்தான். இப்பொழுது செய்த தோட்டாவைச் சோதிப்பதற்காகச் சுடுகிறான். சாதனம் சாத்தியமாகிவிட்டது.

பழிப்பது மட்டும் நியாயமாகாது

இம்மோகத்தால் விளைந்த நன்மைகளையும் சொல்ல வேண்டும். வீட்டுப் பட்டறையில் பிறந்த புதிய தோட்டா வகைகளைப் பின்னர்ப் பெரிய கம்பெனிகள் ஏற்றுக்கொண்டதுண்டு. வெகுகாலம் ரசிகர்களின் கைவேலையாக மட்டும் இருந்த ‘22-250’ என்ற தோட்டாவை 1965-ல் ரெமிங்டன் கம்பெனி தன் சரக்காக்கிக்கொண்டது. தானே செய்பவன் பொருளின் தன்மையை அறிகிறான். பொறுமையையும் ஜாக்கிரதையையும் பழகுகிறான். ஒரே கூட்டில் கவனக்குறைவாக இரு முறை மருந்து விழுந்தால் துப்பாக்கியே வெடித்துக் கையையும் கண்ணையும் பறிக்கும். அச்சம் அங்கே நல்ல ஆசான்.

நமது தேசத்தில் இப்பொழுதுபோக்கு வேரூன்றாததற்குக் காரணம் மனோபாவமன்று; சட்டம். லிட்டன் பிரபு காலத்தில், 1878-ல் பிறந்த ஆயுதச் சட்டம் இந்தியனை நிராயுதபாணியாக்கிற்று. 1931-ல் கராச்சி காங்கிரஸ், விதிகளுக்குட்பட்டு ஆயுதம் வைத்திருக்கும் உரிமையை ஜீவாதார உரிமைகளில் ஒன்றாகச் சேர்த்தது. சுதந்திரம் வந்தபின் 1959-ல் புதிய சட்டம் பழையதை நீக்கிற்று. ஆயினும் அனுமதியின்றித் தோட்டா உற்பத்தி செய்வது அதன்படியும் குற்றமே. தோட்டாவின் உறுப்புகளும் தோட்டாவாகவே கருதப்படுகின்றன. அந்நியன் நம்மைக் கண்டு பயந்து போட்ட தடை வேறு; நமது ஜனங்களின் உயிரைக் காக்க நாமே வகுத்துக்கொண்ட கட்டுப்பாடு வேறு. பின்னதை மதிப்பது நமது கடமை.

நமக்குப் பாடம்

அப்படியானால் இக்கதை நமக்கெதற்கு என்று கேட்கலாம். தோட்டா இல்லாவிட்டால் என்ன? மோகம் புகுவதற்கு எந்தச் சிக்கனமும் போதும். காய்கறிச் செலவைக் குறைக்கத் தோட்டம் போட்டவன் அபூர்வ விதைகளைத் தேடி அலைவதில்லையா? பொது வேலையில் இறங்கியவர்கள் இன்னும் அதிகமாக யோசிக்க வேண்டும். ஒரு காரியத்துக்காக நிதி திரட்டுகிறோம், நிதியைக் காக்கக் கமிட்டி, கமிட்டிக்குக் காரியாலயம், காரியாலயத்தை நடத்த மறுபடியும் நிதி. ஆரம்பத்தில் எண்ணிய காரியம் எங்கே போயிற்று என்று கேட்பாரில்லை. கணக்குப் புஸ்தகத்தில் ஒரு பைசா பிசகு இராது. நோக்கம் மட்டும் காணாமல் போயிருக்கும்.

நரிக்குறவருக்குக் கணக்கு எழுத வயிறு இருந்தது. வசதியுள்ளவனுக்கு அப்படிப்பட்ட கணக்குப்பிள்ளை கிடையாது; தன் புத்தியைத்தான் அவ்வேலையில் அமர்த்த வேண்டும். எவ்வளவு மிச்சம் என்று மட்டும் கேட்டால் போதாது. எதற்காக மிச்சம் என்றும் கேட்க வேண்டும். பொழுதுபோக்கைப் பொழுதுபோக்கென்றே ஒப்புக்கொண்டு அனுபவிப்பவனிடம் குற்றமில்லை. அதற்குச் சிக்கனம் என்று பெயர் சூட்டித் தன்னையும் வீட்டாரையும் ஏமாற்றுவதுதான் குற்றம். வருஷத்துக்கு ஒருமுறையேனும் இக்கேள்வியைத் தன்னிடமும் தன் சங்கத்திடமும் கேட்டுக்கொள்பவனுக்குச் சிக்கனம் என்றும் ஊழியனாகவே இருக்கும், எஜமானனாகிவிடாது.