நீண்டுவிட்ட இரவு, நகராத காலை

மலேசியாவில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28இல் வந்தது. அதன் பின்னும் வெகுகாலம், நள்ளிரவை ஒட்டி தேசிய கீதமான 'நெகாராகூ' ஒலித்ததும் ஒளிபரப்பு நின்றுவிடும். மலாயாப் பல்கலைக்கழகம் 1959இல் லெம்பா பந்தாயில் வளாகம் அமைத்தபோது அதுகூட இல்லை. நூலகம் மூடிய பிறகு மாணவருக்கு மிஞ்சியவை பாடக்குறிப்பும் அறைத்தோழரின் பேச்சும்தான். கிள்ளானைச் சுற்றிய தோட்டங்களிலிருந்து வந்தவர்களுக்கு இருட்டு இன்னும் பழகியது. பல தோட்டங்களில் ஜெனரேட்டர் மின்சாரம் இரவில் சில மணி நேரமே. அது நின்றால் மண்ணெண்ணெய் விளக்கு. அந்த வறுமைக்காக ஏங்க எனக்கு மனமில்லை. ஆனால் தூக்கத்தைப் பற்றி அவர்களுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டியிருக்கவில்லை. ஊர் அடங்கியது, அவர்களும் படுத்தார்கள்.

இன்று கிள்ளான் பள்ளத்தாக்கு அடங்குவதே இல்லை. விடிய விடியத் திறந்திருக்கும் மாமாக் கடையில் குழு அசைன்மெண்ட் நடக்கிறது. 1996இன் தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப் பிறகு சுபாங் ஜெயாவிலும் சைபர்ஜெயாவிலும் கல்லூரிகள் பெருகின. மாணவர்கள் பலர் வாடகை அடுக்குமாடிகளில் தங்குகிறார்கள். விளக்கை அணைக்கச் சொல்ல அங்கே யாரும் இல்லை. செலவுக்காக இரவில் மோட்டார் சைக்கிளில் உணவு கொண்டுபோய்க் கொடுப்பவர்களும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேல், கைப்பேசிக்கு 'நெகாராகூ' இல்லை.

இரவு இப்படி நீண்டபோது காலை மட்டும் இடம்விட்டு அசையவில்லை. உண்மையில் அது முன்னே நகர்ந்திருக்கிறது. 1982 ஜனவரி 1 முதல், சபா, சரவாக் மாநிலங்களோடு ஒரே நேரம் இருக்க வேண்டும் என்று தீபகற்பத்தின் கடிகாரம் அரை மணி நேரம் முன்னே தள்ளப்பட்டது. அதற்கு முன் கோலாலம்பூரில் காலை 8 மணி என்றால் சூரியக் கணக்கில் ஏறத்தாழ 7.17, இன்று அது 6.47. அன்று 6.30க்கும் 7க்கும் இடையில் உதித்த சூரியன் இன்று 7க்கும் 7.30க்கும் இடையில் உதிக்கிறது. 8 மணி வகுப்புக்காகக் கிள்ளானிலிருந்து கொமுட்டர் ரயில் பிடிக்கும் பெண் முழு இருட்டில் எழுகிறாள். பதின்ம வயதின் பிற்பகுதியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் உடற்கடிகாரம் இயல்பாகவே பிந்தி ஓடும். அந்த வயதினரைத்தான் நாம் சூரியனுக்கு முன்னே எழுப்புகிறோம். இதைச் சோம்பல் என்று ஏசுவது அநியாயம்.

பெற்றவையும் சிறியவை அல்ல. அன்று நூலகத்தில் ஒரே பிரதி இருந்த நூலுக்குக் காத்துக் கிடந்தார்கள். இன்று அது திரையில் நொடியில் விரிகிறது. தவறவிட்ட விரிவுரையைப் பதிவில் மறுபடி கேட்கலாம். கொமுட்டர் 1995இலும், எல்.ஆர்.டி. 1996இலும் ஓடத் தொடங்கின. வீட்டிலிருந்தே பல்கலைக்கழகம் போய்வருவது எளிதானது. இழந்தது, இவற்றையெல்லாம் மனத்தில் தங்கவைக்கும் அந்த ஏழெட்டு மணி நேரம். படித்தது நினைவில் ஊன்றுவது தூக்கத்தில்தான். தேர்வுக்கு முந்தின இரவு முழுக்க விழித்திருப்பவர், படித்ததில் ஒரு பங்கைத் தாமே கைவிடுகிறார்.

ஆரோக்கியமான தூக்கப் பழக்கம் பற்றிய அறிவுரை எல்லோருக்கும் தெரிந்ததே. தினமும் ஒரே நேரத்தில் எழுவது, எழுந்ததும் வெயில் முகத்தில் படுவது, கைப்பேசியைக் கட்டிலுக்கு எட்டாமல் வைப்பது. தே தாரிக், கோப்பி இரண்டிலும் உள்ள கஃபைனில் பாதி உடலை விட்டுப் போகச் சுமார் 5 மணி நேரம் ஆகும். இரவு 11க்குக் குடித்தால் விடியற்காலை 4 மணிக்கும் பாதி மிச்சம். இதையெல்லாம் மாணவரிடம் சொல்லத்தான் வேண்டும். ஆனால் சுவரொட்டி ஒட்டிவிட்டு, அதே சுவருக்குள் 8 மணிக்கு வகுப்பும் இரவு 11.59க்கு அசைன்மெண்ட் கெடுவும் வைப்பது நேர்மையாகாது. முதல் வகுப்பை 9 மணிக்கும், கெடுவை மாலை 6 மணிக்கும் மாற்றப் பல்கலைக்கழகங்களுக்குப் பெரிய செலவில்லை.

பெற்றோரும் தம் பங்குக்கு ஒன்று செய்யலாம். கண் விழித்துப் படிப்பதைப் பெருமையாகப் பேசிப் பழகிவிட்டோம், அதை நிறுத்துவோம். தேர்வு வாரத்தில் பிள்ளையை அழைக்கும்போது, எவ்வளவு படித்தாய் என்று கேட்பதற்கு முன்னால், நேற்று எத்தனை மணிக்குப் படுத்தாய் என்று கேளுங்கள்.