காய்ச்சல் காற்றுக்கா? கடலுக்கா?

2006-ம் ஆண்டு. அமெரிக்க விஞ்ஞானிகள் மூன்று பேர் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். உலகமே திரும்பிப் பார்த்தது.

2003-ம் ஆண்டிலிருந்து 2005-ம் ஆண்டுக்குள் உலகத்துக் கடல்கள் குளிர்ந்துவிட்டன! இதுதான் அந்தச் செய்தி.

பூமி சூடாகிறது என்பதை நம்பாதவர்களுக்கு, வெறும் வாயை மெல்லுகிறவனுக்கு அவல் கிடைத்த மாதிரி ஆயிற்று. "பார்த்தீர்களா! இத்தனை நாளும் சொன்னது வீண் பயம்" என்றார்கள்.

கடல் குளிர்ந்தால் என்ன, கொதித்தால் என்ன? வெயிலில் வாடுகிறவன் கரையில் அல்லவா இருக்கிறான் என்று தோன்றும். ஆனால் விஷயம் அப்படி இல்லை.

நூறு ரூபாய்க் கணக்கு

நிலக்கரியும் பெட்ரோலும் எரிந்து கரியமில வாயு வானத்தில் சேருகிறது. அது பூமியைச் சுற்றிப் போர்வை போல் இருந்துகொண்டு, வெளியே போக வேண்டிய சூட்டைத் தடுக்கிறது. அப்படித் தங்கிவிடும் அதிகப்படி சூட்டை நூறு ரூபாய் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதில் 91 ரூபாய் கடலுக்குப் போகிறது. 5 ரூபாய் நிலத்துக்கு. பனிக்கட்டியை உருக்குவதில் 3 ரூபாய் செலவாகிறது. காற்றுக்குக் கிடைப்பது ஒரே ஒரு ரூபாய்தான்!

பத்திரிகையில் தினமும் வரும் வெப்பநிலை அந்த ஒரு ரூபாயின் கணக்கு.

காரணம் அடுப்படியில் இருக்கிறது. வெறும் சட்டியை அடுப்பில் வைத்தால் நொடியில் சுடும். பானை நிறையத் தண்ணீர் வைத்தால் கொதிக்க எத்தனை நேரம்! அதேபோல், இறக்கி வைத்தாலும் லேசில் ஆறாது. தண்ணீருக்குச் சூட்டை வாங்கி வைத்துக்கொள்ளும் சக்தி அதிகம். கடலின் மேல் மூன்று மீட்டர் தண்ணீரே, பூமியைச் சுற்றியுள்ள காற்று முழுவதும் தாங்கும் அளவுக்குச் சூட்டைத் தாங்கும். கடலின் சராசரி ஆழமோ 3,700 மீட்டர்.

ஆகவே கடல் குளிர்ந்தது என்றால், பூமிக்குக் காய்ச்சல் இல்லை என்றுதான் அர்த்தம். அது உண்மையா?

கயிற்றில் கட்டிய தெர்மாமீட்டர்

கடலுக்கு முதன்முதலாக உலகம் சுற்றிக் காய்ச்சல் பார்த்தது "சாலஞ்சர்" என்ற ஆங்கிலேயர் கப்பல். அது போர்க்கப்பல். பீரங்கிகளில் இரண்டைத் தவிர மற்றவற்றைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ஆராய்ச்சிக் கூடம் அமைத்தார்கள். 1872-ம் ஆண்டு டிசம்பரில் புறப்பட்டது. 1876-ம் ஆண்டு மே மாதம் ஊர் திரும்பியது. சுற்றிய தூரம் ஏறக்குறைய 1,27,000 கிலோமீட்டர்.

நடுக்கடலில் கப்பலை நிறுத்துவார்கள். சணல் கயிற்றில் தெர்மாமீட்டரைக் கட்டி இறக்குவார்கள். மறுபடி மேலே இழுப்பார்கள். ஆழமான இடமானால் இதற்கே பல மணி நேரம். மாலுமிகளில் சிலர் இந்த அலுப்புத் தாங்காமல், துறைமுகம் வந்ததும் இறங்கி ஓடிப்போனார்கள்!

அவர்களைக் குறை சொல்ல முடியாது. எதற்காக இழுக்கிறோம் என்று அன்று யாருக்குத் தெரியும்? பூமி சூடாவது பற்றிய பேச்சே அந்தக் கப்பலில் இல்லை. ஆனாலும் எடுத்த அளவை எழுதி வைத்தார்கள். அந்த ஏடுகள் பத்திரமாக இருந்தன. 135 ஆண்டுகளுக்குப் பிறகு பலன் கொடுத்தன. 2012-ம் ஆண்டில் டீன் ரோமிச் என்ற அமெரிக்க விஞ்ஞானியும் அவருடைய சகாக்கள் இருவரும், சாலஞ்சர் கப்பல் அளந்த அதே இடங்களின் இன்றைய வெப்பத்தை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். மேலே இருந்து 700 மீட்டர் ஆழம் வரையில் சராசரியாக 0.33 டிகிரி சூடு ஏறியிருந்தது.

மூன்றில் ஒரு டிகிரிதானா என்று கேட்கலாம். ஒரு டம்ளர் தண்ணீருக்கு அது ஒன்றுமில்லை. 700 மீட்டர் ஆழமுள்ள கடலுக்கு?

முங்கி எழும் மிதவைகள்

இன்றைய வெப்பத்தை அவர்களுக்குச் சொன்னது கப்பல் அல்ல. "ஆர்கோ" என்ற மிதவைகள். இவை 1999-ம் ஆண்டு முதல் கடலில் விடப்படுகின்றன.

மிதவை கிட்டத்தட்ட ஓர் ஆள் உயரம் இருக்கும். நீண்ட குழாய் போன்ற உருவம். இதற்குத் துடுப்பு இல்லை, விசிறி இல்லை, ஓட்ட ஆளும் இல்லை. உள்ளே கொஞ்சம் எண்ணெய், வெளியே ஒரு ரப்பர் பை. எண்ணெய் பைக்குள் போனால் பை உப்பும், மிதவை மேலே வரும். எண்ணெய் உள்ளே திரும்பினால் மிதவை முங்கும். மீன் தன் வயிற்றில் உள்ள காற்றுப் பையால் செய்கிற வேலையைத்தான் இது எண்ணெயால் செய்கிறது.

ஆயிரம் மீட்டர் ஆழத்தில் ஒன்பது நாள் நீரோட்டத்தோடு சும்மா போய்க்கொண்டிருக்கும். பிறகு இரண்டாயிரம் மீட்டருக்கு இறங்கும். அங்கிருந்து ஏறிவரும்போது வழியெல்லாம் சூட்டையும் உப்பையும் அளக்கும். மேலே வந்ததும், வானத்தில் சுற்றும் செயற்கைக் கோளுக்குச் செய்தி சொல்லிவிட்டு மறுபடி முங்கிவிடும். பத்து நாளுக்கு ஒரு தடவை இப்படி. ஏறக்குறைய 4,000 மிதவைகள் உலகக் கடல்களில் இந்த வேலையைச் செய்கின்றன. இந்தியாவும் மிதவைகளை விட்டிருக்கிறது. ஐதராபாத்தில் உள்ள கடல்சார் தகவல் சேவை மையம் அந்த வேலையைப் பார்க்கிறது. அளவுகள் ரகசியம் அல்ல. யார் வேண்டுமானாலும் இலவசமாக எடுத்துப் பார்க்கலாம்.

குளிர்ந்தது கடலா, கணக்கா?

இப்போது 2006-ம் ஆண்டுச் செய்திக்கு வருவோம். அதை வெளியிட்ட மூவரில் ஒருவர் ஜோஷ் வில்லிஸ். நாசாவின் ஆராய்ச்சிக் கூடத்தில் இருப்பவர்.

அவருக்கு உறுத்தலாக இருந்தது. தண்ணீர் சூடானால் விரியும், கடல் மட்டம் உயரும். கடல் குளிர்ந்திருந்தால் மட்டம் ஏறும் வேகமாவது குறைந்திருக்க வேண்டும். செயற்கைக் கோள்களோ மட்டம் ஏறிக்கொண்டே போகிறது என்றன. சூரியனிலிருந்து பூமிக்கு வரும் சூட்டையும் பூமி வெளியே விடும் சூட்டையும் அளக்கும் வேறு செயற்கைக் கோள்களும், கடல் குளிர்ந்ததாகச் சொல்லவில்லை.

வில்லிஸ் தம் கணக்கைத் தாமே துருவினார். இரண்டு பிசகுகள் அகப்பட்டன. சில மிதவைகள் எடுத்த சூட்டை வேறு ஆழத்தில் எழுதிவிட்டன. அதனால் கடல் உள்ளதைவிடக் குளிர்ச்சியாகத் தெரிந்தது. இது ஒன்று.

இன்னொன்று பழைய கருவிகளில் இருந்தது. மிதவைகளுக்கு முன், ஓடும் கப்பலிலிருந்து மெல்லிய கம்பியோடு ஒரு சின்னக் கருவியைக் கடலில் போட்டு அளந்து வந்தார்கள். ஆழம் எவ்வளவு என்று அதற்குச் சொல்லத் தெரியாது. எத்தனை விநாடி விழுந்தது என்று பார்த்து இவர்களாகக் கணக்குப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கணக்கில் சூடு சற்றுக் கூடுதலாகப் பதிந்திருந்தது. மிதவைகள் பெருகப் பெருக அந்தக் கூடுதல் சூடு மறைந்தது. கடலே குளிர்ந்தது போன்ற தோற்றம் அதனால் உண்டாயிற்று.

2007-ம் ஆண்டில் அவர்கள் இதை உலகறியச் சொன்னார்கள். கடல் குளிரவில்லை!

அவலை மென்றவர்கள் எல்லோரும் அதைத் துப்பிவிட்டார்கள் என்று சொல்வதற்கில்லை.

இந்துமகா சமுத்திரம் வாங்கிய சூடு

மறுபடியும் ஒரு குழப்பம் வந்தது. 1998-ம் ஆண்டுக்குப் பிறகு பத்துப் பதினைந்து ஆண்டுகள், காற்றின் வெப்பம் முன்போல வேகமாக ஏறவில்லை. பூமி சூடாவது நின்றுவிட்டது என்று பேச்சுக் கிளம்பியது. இந்தத் தடவை மிதவைகள் கைகொடுத்தன. சூடு எங்கும் போகவில்லை, கடலுக்குள் இறங்கியிருந்தது. பசிபிக் கடல் வாங்கிய சூட்டில் ஒரு பகுதி, இந்தோனேசியத் தீவுகளின் இடைவெளி வழியாக நம் இந்துமகா சமுத்திரத்துக்கே வந்து சேர்ந்திருந்தது. 2014, 2015, 2016 ஆகிய மூன்று ஆண்டுகளிலும் காற்றின் வெப்பம், ஒன்றையொன்று மிஞ்சிப் புதிய உச்சம் தொட்டது.

வங்கக் கடல் ஓரத்தில் இருப்பவர்களுக்கு இது வெறும் ஏட்டுக் கணக்கு அல்ல. புயலுக்குத் தீனி கடலின் சூடுதான். புயல் கடலைக் கலக்கும்போது அடியிலிருந்து குளிர்ந்த நீர் மேலே வந்தால் அதன் வலு குறையும். சூடான நீர் ஆழம் வரை இருந்தால், எவ்வளவு கலக்கினாலும் சூடே வரும். 2020-ம் ஆண்டு மே மாதம் வங்கக் கடலில் உருவான "அம்பன்" சூறாவளி, 30 டிகிரியைத் தாண்டிச் சுட்ட கடலின் மேல் வளர்ந்து, மேற்கு வங்காளத்தைத் தாக்கியது.

செயற்கைக் கோளுக்குக் கடலின் மேல்தோல்தான் தெரியும். உள்ளே எவ்வளவு ஆழத்துக்குச் சூடு இருக்கிறது என்பதைத் தண்ணீருக்குள் இருக்கும் கருவிதான் சொல்ல வேண்டும். சென்னைப் பள்ளிக்கரணையில் உள்ள தேசிய கடல் தொழில் நுட்பக் கழகம், வங்கக் கடலிலும் அரபிக் கடலிலும் நங்கூரமிட்ட மிதவைகளை நிறுத்தி இதை அளந்து வருகிறது.

ஆர்கோ மிதவையின் பாட்டரி சில ஆண்டுகளில் தீர்ந்துவிடும். அதனால் ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கில் புதிய மிதவைகளைப் போட்டுக்கொண்டே இருக்க வேண்டும். அதற்குப் பணம் ஒதுக்கும்படி ஒவ்வொரு நாட்டு விஞ்ஞானிகளும் தங்கள் சர்க்காரைக் கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். பெரும்பாலான மிதவைகள் இரண்டாயிரம் மீட்டருக்குக் கீழே போவதில்லை. கடல் நீரில் ஏறக்குறைய பாதி அதற்குக் கீழேதான் இருக்கிறது. அங்கும் போய்ச் சூடு பார்க்க, ஆறாயிரம் மீட்டர் வரை முங்கும் புது மிதவைகளை இப்போது கடலில் விட ஆரம்பித்திருக்கிறார்கள்.